டப்ஸ்டெப்பில் ரெகே எங்கே ஒளிந்திருக்கிறது? – கேள்வி பதில்

கேள்வி: லண்டனில் பிறந்த, பேஸ் கனமான எலக்ட்ரானிக் இசையான டப்ஸ்டெப்புக்கு ஜமைக்காவின் ரெகேதான் மூலம் என்கிறார்கள். கேட்டால் எனக்கு ஒரு ஒட்டும் தெரியவில்லையே அண்ணா?

நேரடி வாரிசு இல்லை. 2000 வாக்கில் தென் லண்டன் குராய்டனில், யூகே கராஜ் என்ற நடன இசைப் பாட்டிலிருந்து பாடகரின் குரலையும் இனிப்பையும் கழித்துவிட்டு டிரம்ஸையும் பேஸையும் மட்டும் விட்டுவைத்தார்கள். அந்தக் கழிக்கும் வேலைதான் ரெகே வழி வந்தது. 1970களில் ஜமைக்காவின் கிங்ஸ்டனில் ஒலிப்பொறியாளர் கிங் டபி, தயாராக இருந்த பாட்டை மிக்ஸரில் போட்டுக் குரலை அணைத்து, பேஸை முன்னே கொண்டுவந்து 'டப்' செய்தார். டப்ஸ்டெப் தயாரிப்பாளர்கள் மாலா, கோகி, லோஃபா மூவரிடம் இந்த உறவு வெளிப்படை. 2005இல் பிரிக்ஸ்டனில் இவர்கள் தொடங்கிய டிஎம்இசட் இரவுகளில், ரெகே சவுண்ட் சிஸ்டம் (பெரிய ஸ்பீக்கர் அடுக்குகளோடு பாட்டுப் போடும் குழு) போலவே பேஸ்தான் முதல் மரியாதை பெற்றது.

கேள்வி: என் ப்ராஜெக்ட் 140 பிபிஎம் (நிமிடத்துக்கு 140 அடி). ரெகே 70 சொச்சம். கிட்டார் ஸ்கேங்க் (ரெகேயின் குட்டையான வெட்டுத் தட்டு) வைத்தால் ஏதோ ஓடுகிற மாதிரி இருக்கிறது, ஏன்?

140ஆக எண்ணும்போது ஸ்கேங்க் 2, 4ஆம் அடிகளில் விழ வேண்டும். அடிகளுக்கு நடுவே வைத்திருப்பீர்கள். அது ரெகேக்கு முந்தைய வேகமான ஜமைக்கா இசையான ஸ்காவின் நடை. ஸ்னேர் 3ஆம் அடியில் மட்டும். கிக்கையும் (கால் டிரம்) 3க்கே தள்ளி 1ஐக் காலியாக விட்டால் ஒன் டிராப் என்ற ரெகே தாளம். நாலு அடியிலும் கிக் வைத்தால் ஸ்டெப்பர்ஸ் என்ற தாளம். 3ஆம் அடி ஸ்னேர் போதும், தலை தானாக 70இல் ஆடும்.

கேள்வி: ஹெட்போனில் சப் பேஸ் (மிகத் தாழ்ந்த பேஸ்) அள்ளுகிறது, பெரிய ஸ்பீக்கர் பாக்ஸில் சில ஸ்வரம் காணாமல் போகிறது, சில ஸ்வரம் இடிக்கிறது.

ஸ்கேலைப் பாருங்கள். எஃப் என்றால் 43.7 ஹெர்ட்ஸ், ஜி 49, ஏ 55: இங்கே பெரும்பாலான பாக்ஸ்கள் நன்றாகத் தள்ளும். கீழ் சி 32.7, பல பாக்ஸ்களுக்கு அது எட்டாது. சைன் வேவ் போதும். அட்டாக் (ஒலி எழும் நேரம்) 5 மில்லி செகண்ட், ரிலீஸ் (அடங்கும் நேரம்) 40 வைத்தால் 'டிக்' சத்தம் போய்விடும். இடிப்பதற்குக் காரணம் அநேகமாகக் கிக்கின் வால். அதை வெட்டிக் குறுக்குங்கள், சைட்செயின் (கிக் அடிக்கும்போது பேஸைத் தணிப்பது) அப்புறம். 120 ஹெர்ட்ஸுக்குக் கீழே எல்லாம் மோனோ. போனில் கேட்கவில்லை என்றால் சப்பின் வால்யூமை ஏற்றாதீர்கள். கொஞ்சம் சாச்சுரேஷன் (லேசான ஒலிச் சிதைவு) கொடுத்தால் மேலே கிளைக்கும் ஹார்மோனிக்ஸை வைத்துக் காது மீதியை நிரப்பிக்கொள்ளும்.

கேள்வி: எக்கோ போட்டாலும் டப் மாதிரி வரவில்லை. சேனலை மியூட் செய்தால் எக்கோவும் செத்துப்போகிறது.

எக்கோவை அதே சேனலுக்குள்ளேயே (இன்சர்ட்டாக) மாட்டியிருக்கிறீர்கள். தனி ரிட்டர்ன் சேனலில் போட்டு, சென்ட் (ஒலியின் ஒரு பங்கை அங்கே அனுப்பும் குமிழ்) வழியாக அனுப்புங்கள். மூலத்தை மியூட் செய்தாலும் வால் ஓடிக்கொண்டிருக்கும். 140க்கு எக்கோ இடைவெளி: புள்ளி வைத்த எட்டாம் ஸ்வரம் (முக்கால் அடி) 321 மில்லி செகண்ட், கால் ஸ்வரம் (ஒரு அடி) 429. ஃபீட்பேக் (எக்கோ மறுபடி எக்கோவுக்குள் போகும் அளவு) 55–60%. சுற்றுக்குள்ளேயே 300 ஹெர்ட்ஸுக்குக் கீழும் 3000க்கு மேலும் வெட்டுங்கள், இல்லாவிட்டால் ஒவ்வொரு சுற்றிலும் தாழ்ந்த ஒலி சேர்ந்து சேறாகிவிடும். ஃபீட்பேக்கை 100%க்கு மேல் ஏற்றி ஊளையிட வைப்பதானால் ரிட்டர்னில் முதலில் லிமிட்டர் (ஒலி உச்சத்தை அடக்கும் கருவி).

இதைவிட முக்கியம்: மவுஸால் கோடு வரையாதீர்கள். பாட்டை ஓடவிட்டு, ஒரே ஒரு ஸ்னேர் அடிக்குச் சென்டைக் கையால் ஏற்றி இறக்கிப் பதிவு செய்யுங்கள். டபியின் மிக்ஸரில் இருந்த ஹை-பாஸ் குமிழ் (தாழ்ந்த ஒலியை வெட்டுவது) வழுக்கிப் போகாது, ஒவ்வொரு படியாகத் தாவும். அந்தக் கரகரப்பு வேண்டுமானால் ஃபில்டர் ஆட்டோமேஷனையும் (பதிவு செய்த குமிழ் அசைவு) படிகளாக வையுங்கள்.

கேள்வி: டப்ப்ளேட் (டிஜேக்காக ஒற்றைப் பிரதியாக வெட்டும் லாக்கர் இசைத்தட்டு) வெட்டக் கொடுக்கப்போகிறேன். எப்படி அனுப்புவது?

24 பிட் வேவ், உச்சம் −6 டெசிபல், மாஸ்டரில் லிமிட்டர் வேண்டாம். ஸ்டீரியோ பேஸ் இருந்தால் ஊசி தாவும்; ஹை-ஹாட்டும் 'ஸ்ஸ்' ஒலியும் கூராக இருந்தால் கரகரக்கும். லாக்கர் தட்டு சீக்கிரம் தேயும், ஒவ்வொரு ஓட்டத்திலும் ஹை கொஞ்சம் போகும். வீட்டில் போட்டு ரசிக்கிற பொருள் இல்லை அது.

கேள்வி: ராஸ்தா (ரெகேயோடு ஒட்டிய ஜமைக்கா மதம்) பேச்சு சாம்பிளும் சைரனும் போட்டால் போதுமா?

போதாது. அது மேல் பூச்சு. அதையெல்லாம் மியூட் செய்துவிட்டு டிரம்ஸும் பேஸும் மட்டும் இரண்டு நிமிடம் தாங்குகிறதா என்று கேளுங்கள். தாங்காவிட்டால் சைரன் காப்பாற்றாது.