க்ளென் ஃப்ரை இல்லாத ஈகிள்ஸ் – ஒரு கடிதம்

அன்புள்ள சார்,

பையனைக் கூட்டிக்கிட்டு லாஸ் வேகாஸ் போய் ஸ்பியர்ங்கற உருண்டை அரங்கத்துல, அமெரிக்க ராக் பேண்ட் ஈகிள்ஸோட கச்சேரி பாத்துட்டு வந்தேன். ஹாஸ்டல் நாள்ல கேசட் தேயத் தேய கேட்ட ஆளு நான். ஆனா பழைய ஆளுங்கள்ல ஃப்ரை இல்ல, மெய்ஸ்னர் இல்ல, ஃபெல்டர் இல்ல, ஆரம்பத்துல இருந்தவங்கள்ல டிரம்ஸ் வாசிச்சுப் பாடற ஹென்லி ஒருத்தர்தான் மிச்சம். பாட்டும் ரெக்கார்டுல இருக்கற மாதிரியே அச்சு அசலா வாசிக்கறாங்க. வெளிய வந்ததும் பையன் "இது ட்ரிப்யூட் பேண்ட்தானே அப்பா"ன்னான், அதாவது பெரிய பேண்டோட பாட்டை அப்படியே காப்பி அடிச்சு வாசிக்கற கும்பல்னு. எனக்குப் பதில் சொல்ல வரல. நீங்க என்ன நினைக்கறீங்க?

– ஒரு வாசகர், சான் ஹொசே

அன்புள்ள நண்பருக்கு,

2016 ஜனவரியில க்ளென் ஃப்ரை இறந்தப்ப, இனிமே இவங்க மேடை ஏறப்போறதில்லங்கற மாதிரிதான் ஹென்லியே பேசினாரு. அடுத்த வருஷம் ஜூலையில ஃப்ரையோட பையன் டீக்கனையும், கன்ட்ரி (அமெரிக்க கிராமிய இசை) பாடகர் வின்ஸ் கில்லையும் சேத்துக்கிட்டு லாஸ் ஏஞ்சலஸ் டாட்ஜர் ஸ்டேடியத்துல வந்து நின்னாங்க. உங்க பையன் கேக்கற கேள்வி அப்பலேருந்தே இருக்கு. காசுக்காகத்தான்னு சொன்னவங்களும் உண்டு, டிக்கெட் விலையைப் பாத்தா எனக்கும் வயிறு எரியுது. ஆனா ட்ரிப்யூட் பேண்ட்ங்கறதை மட்டும் என்னால ஒத்துக்க முடியல.

இந்த பேண்டுல அந்த மேல் குரல் யாரோடதுன்னு யோசிச்சுப் பாருங்க. முதல்ல ரேண்டி மெய்ஸ்னர். 'டேக் இட் டு தி லிமிட்' பாட்டோட கடைசியில வர உச்ச ஸ்வரத்தை தினமும் ராத்திரி மேடையில புடிச்சாகணுமேங்கற பயம் அவரை அரிச்சுக்கிட்டே இருந்தது, 1977ல நாக்ஸ்வில்லுல உடம்பும் சரியில்ல, பாட மாட்டேன்னுட்டாரு, மேடைக்குப் பின்னாடி ஃப்ரையோட கைகலப்பு வரைக்கும் போச்சு, கொஞ்ச மாசத்துல பேண்டை விட்டே போயிட்டாரு. அவர் எடத்துக்கு வந்தவரு டிமதி ஷ்மிட். போக்கோங்கற பேண்டுல மெய்ஸ்னர் விட்டுட்டுப் போன எடத்துக்கும் ஏற்கனவே வந்தவரு இதே ஷ்மிட்தான்! இப்ப அந்த மெய்ஸ்னர் பாட்டை வின்ஸ் கில் பாடறாரு. அவரு மெய்ஸ்னரைக் காப்பி அடிக்கறதே இல்ல, தன்னோட சொந்தக் குரல்லதான் பாடறாரு, ஓக்லஹோமாவுல சின்ன வயசுலேருந்து ப்ளூக்ராஸ்ங்கற பழைய பாணி கன்ட்ரி இசை வாசிச்சு, பியூர் ப்ரெய்ரி லீக்ங்கற பேண்டுல பாடி, கன்ட்ரி இசைக்குத் தலைநகரான நாஷ்வில்லுல பெரிய ஆளான மனுஷன் அவரு. நான் சொல்றது பலருக்குப் பிடிக்காது, ஆனாலும் சொல்றேன், எழுபதுகளோட பின்பாதியில இந்த பேண்ட் ராக் பக்கம் சாஞ்சு தொலைச்ச கன்ட்ரியை வின்ஸ் கில்தான் திரும்பக் கொண்டுவந்தாரு.

இந்த பேண்டுக்கு உயிரே அந்தக் கூட்டுக்குரல்தான். 'செவன் பிரிட்ஜஸ் ரோட்' கேட்டிருப்பீங்க. ஸ்டீவ் யங் எழுதின பாட்டு. கச்சேரிக்கு முன்னாடி எதிரொலி நல்லா வரும்னு ஷவர் ரூமுக்குள்ள போய் நின்னு அஞ்சு பேரும் அதைப் பாடித்தான் குரலைச் சூடு பண்ணிப்பாங்களாம், அப்புறம் அதையே மேடைக்குக் கொண்டுவந்துட்டாங்க. வாத்தியமே கிடையாது, ஆரம்பத்துல வெறும் குரல்தான். அஞ்சுல ஒரு குரல் கொஞ்சம் தூக்கலா போனாலும் மொத்தமும் கவுந்துடும். அதனால ஆள் மாறினா பேண்ட் செத்துப்போச்சான்னு கேக்கறதைவிட, குரல்கள் ஒண்ணோட ஒண்ணு சேருதான்னு கேக்கறதுதான் இங்க சரின்னு எனக்குத் தோணுது. ஹென்லி, கிட்டார் வாசிக்கற ஜோ வால்ஷ், ஷ்மிட் மூணு பேரும் 1947ல பொறந்தவங்க. இந்த வயசுலயும் அது சேருது. அதுக்குப் பின்னாடி எவ்வளவு சாதகம் இருக்கணும்!

அடுத்தது, அச்சு அசலா வாசிக்கறாங்கங்கற உங்க வருத்தம். இங்கதான் நான் உங்களோட முழுசா மாறுபடறேன். 'ஹோட்டல் கலிபோர்னியா' கடைசியில ரெண்டு கிட்டார் மாறி மாறிப் பேசி அப்புறம் சேந்து எறங்குமே, அந்தப் பகுதியை மயாமி ஸ்டுடியோவுல பதிவு பண்ண உக்காந்தப்ப கிட்டாரிஸ்டுங்க ஃபெல்டரும் வால்ஷும் புதுசா ஏதோ வாசிக்க ஆரம்பிச்சாங்க. ஹென்லி நிறுத்திட்டாரு. முதல்ல ஃபெல்டர் வீட்டுல மாதிரிக்குப் பதிவு பண்ணின டெமோவுல இருந்த மாதிரியேதான் வேணும்னாரு. ஃபெல்டருக்கோ அது ஞாபகமே இல்ல, கலிபோர்னியாவுல தன் வீட்டுல வேலை பாக்கற பெண்ணுக்கு போன் போட்டு, அந்த கேசட்டைத் தேடி எடுத்து டேப்ல போட்டு ரிசீவரை அது பக்கத்துல வைக்கச் சொல்லி, போன்லயே கேட்டுக் கத்துக்கிட்டு வாசிச்சாராம். அப்படின்னா நம்ம கேசட்டுல கேட்டதே ஏற்கனவே வாசிச்ச ஒண்ணை நோட்டு பிசகாம திரும்ப வாசிச்சதுதானே? இவங்க இசை ஆரம்பத்துலேருந்தே அப்படித்தான் சார், எழுதி வச்ச இசை, ஜாம் பண்ணி நேரத்துக்கு ஒரு மாதிரி மாத்தற இசை இல்ல. ஒவ்வொரு கச்சேரியிலயும் பாட்டை மாத்தி மாத்தி வாசிச்ச கிரேட்ஃபுல் டெட் பேண்ட்கிட்ட கிடைச்சதை இங்க தேடினா கிடைக்காது.

ஆனா ஸ்பியர் விஷயத்துல உங்க கட்சிதான் நானும். 1,60,000 சதுர அடி எல்இடி திரை, 17,000 பேருக்கு மேல உக்காரலாம், பாலைவனமும் வானமும் நம்மைச் சுத்திப் பிரம்மாண்டமா நிக்குது, அதுக்குக் கீழ பாடறவங்க எறும்பு மாதிரி தெரியறாங்க. யாரு மூச்சு இழுக்கறாங்க, யாரு யாரைப் பாத்து நுழையறாங்கன்னு தெரிஞ்சாதான் கூட்டுக்குரல் மனசுல ஏறும். உங்க பையனுக்கு மனுஷங்க பாடற மாதிரியே தோணலன்னா அதுல திரைக்கும் பங்கு இருக்கு. 2018ல இங்கிள்வுட் ஃபோரம்ல பதிவு பண்ணின கச்சேரி வீடியோ இருக்கு, டீக்கன் அப்பா பாட்டைப் பாடறதும் அதுல வருது, அவனோட உக்காந்து நல்ல ஹெட்ஃபோன்ல கேளுங்க, அப்புறம் அவன் என்ன சொல்றான்னு எழுதுங்க.

எனக்கும் ஒரு ஏக்கம் உண்டு. முதல் நாலு ஆல்பத்துல பேஞ்சோங்கற கன்ட்ரி இசைத் தந்தி வாத்தியம் வாசிச்ச பெர்னி லெடன், ராக் பக்கம் ரொம்பப் போறாங்கன்னு 1975ல வெளிய போனவரு, 2013 டூர்ல திரும்ப வந்து கூட வாசிச்சாரு. இப்பவும் அவரை ஒரு நாலு பாட்டுக்காவது கூப்பிட்டிருக்கலாம். வின்ஸ் கில் பக்கத்துல லெடன் நின்னு பேஞ்சோ வாசிக்கறதைப் பாக்க நான் எவ்வளவு விலை வேணாலும் குடுப்பேன்.

அன்புடன்.