விண்டோஸ் 11: லேப்டாப்புக்குச் சரி, பத்திரிகை சிஸ்டத்துக்கு வேண்டாம்

கேள்வி: குடியாத்தத்தில் டிடிபி கடை வைத்திருக்கிறேன். கல்யாணப் பத்திரிகை, கோயில் நோட்டீஸ், பில் புக் வேலை. அதற்கென்று 2014-ல் வாங்கிய ஐ3 சிஸ்டம் ஒன்று இருக்கிறது. 4 ஜிபி ரேம், பழைய ஹார்ட் டிஸ்க், பக்கம் வடிவமைக்கும் பேஜ்மேக்கர் 7 மென்பொருள், பாமினி மாதிரியான பழைய தமிழ் எழுத்துருக்கள், ஒரு லேசர் பிரின்டர். 2019-ல் மகளுக்கு வாங்கிய ஐ5 லேப்டாப்பில்தான் இப்போது ஜிஎஸ்டி, பேங்க் வேலை, வருகிறவர்களுக்கு ஆன்லைன் விண்ணப்பம் போடுவது எல்லாம். இரண்டிலும் விண்டோஸ் 10. ஆதரவு முடிந்துவிட்டது என்று திரையில் அறிவிப்பு வந்துகொண்டே இருக்கிறது. ஒரு சர்வீஸ்காரர் ‘பழசைத் தூக்கிப் போடுங்கள்’ என்கிறார். இன்னொருவர் ‘ஆயிரம் ரூபாய் கொடுங்கள், அதிலேயே 11 போட்டுத் தருகிறேன்’ என்கிறார். யார் பேச்சைக் கேட்பது?

பதில்: இரண்டு பேர் பேச்சையும் கேட்க வேண்டாம். லேப்டாப்பை விண்டோஸ் 11-க்கு மாற்றிவிடுங்கள். பத்திரிகை அடிக்கும் சிஸ்டத்தில் விண்டோஸைத் தொடாதீர்கள். அதில் மாற்ற வேண்டியது ஹார்ட் டிஸ்க், பிடுங்க வேண்டியது இன்டர்நெட் ஒயர்.

விண்டோஸ் 10-க்கான ஆதரவு 2025 அக்டோபர் 14-ல் முடிந்தது. அதனால் சிஸ்டம் நின்றுவிடாது, ஃபைல் எதுவும் போகாது. முக்கியமாக நின்றது மாதாமாதம் வந்துகொண்டிருந்த பாதுகாப்புத் திருத்தங்கள்தான். 10-க்கும் 11-க்கும் உள்ளே இருக்கும் நிரலில் பெரும்பகுதி பொது. 11-ல் ஒரு ஓட்டையை அடைத்துத் திருத்தம் வெளியிட்டால், அதைப் பிரித்துப் பார்க்கத் தெரிந்தவனுக்கு 10-ல் எந்த இடம் திறந்து கிடக்கிறது என்பதும் தெரிந்துவிடும். விண்டோஸோடு வரும் வைரஸ் தடுப்பானான டிஃபெண்டருக்கான வைரஸ் பட்டியல் 2028 அக்டோபர் வரை வரும் என்று மைக்ரோசாஃப்ட் சொல்லியிருக்கிறது. அது வந்த வைரஸை அடையாளம் காணும், ஓட்டையை அடைக்காது.

ஆகவே ஆபத்து முதலில் பேங்க் பாஸ்வேர்டும் ஓடிபியும் தட்டுகிற கணினிக்குத்தான். உங்கள் கடையில் அது லேப்டாப்.

2019-ல் வாங்கிய ஐ5 பெரும்பாலும் எட்டாம் தலைமுறையாக இருக்கும். செட்டிங்ஸில் சிஸ்டம், அதற்குள் அபௌட் என்று போனால் பிராசஸர் பெயர் தெரியும். ஐ5-க்கு அடுத்து வரும் நான்கு இலக்க எண் 8-ல் தொடங்கினால் எட்டாம் தலைமுறை. இன்டெலில் பொதுவாக அதிலிருந்துதான் விண்டோஸ் 11 ஏற்கும் பிராசஸர்களின் பட்டியல் தொடங்குகிறது. 4 ஜிபி ரேம், 64 ஜிபி இடம், செக்யூர் பூட் (கணினி தொடங்கும்போதே சோதிக்கும் பாதுகாப்பு), டிபிஎம் 2.0 (சாவிகளைப் பூட்டி வைக்கும் பாதுகாப்புச் சிப்) ஆகியவையும் வேண்டும். ஒவ்வொன்றாகத் தேட வேண்டாம், மைக்ரோசாஃப்ட் இலவசமாகத் தரும் ‘பிசி ஹெல்த் செக்’ செயலி ஒரே சொடுக்கில் சொல்லிவிடும். டிபிஎம் இல்லை என்று அது சொன்னால் உடனே நம்பிவிடாதீர்கள். பல லேப்டாப்களில் அது பயாஸில் (விண்டோஸுக்கு முன்னால் ஓடும் அடிப்படை செட்டிங்ஸில்) அணைந்து கிடக்கும். இன்டெலில் ‘பிடிடி’ என்ற பெயரில் இருக்கும், அதை ஆன் செய்தால் போதும். ஆனால் பயாஸில் கைவைக்கும் முன் டிவைஸ் என்க்ரிப்ஷன் (டிஸ்க் முழுவதையும் பூட்டி வைக்கும் வசதி) இருக்கிறதா என்று பாருங்கள். இருந்தால் மைக்ரோசாஃப்ட் கணக்கில் சேமித்திருக்கும் 48 இலக்க ரெகவரி கீயைத் தாளில் எழுதி வைத்துக்கொண்டுதான் தொடங்க வேண்டும். பயாஸை மாற்றியதும் சில கணினிகள் அந்தக் கீயைக் கேட்டு நிற்கும். கையில் கீ இல்லையென்றால் உள்ளே இருக்கும் ஃபைல்களை உங்களாலும் திறக்க முடியாது, சர்வீஸ்காரராலும் முடியாது.

ஒரிஜினல் விண்டோஸ் 10 உள்ள கணினிக்கு 11 இலவசம். ஃபைல்களும் மென்பொருள்களும் இருந்த இடத்திலேயே இருக்கும். என்றாலும் முக்கியமானதை வெளி டிஸ்க் ஒன்றில் எடுத்து வையுங்கள். எந்த நாளில் செய்வது என்பதைத்தான் பலர் யோசிப்பதில்லை. மாதாமாதம் ஜிஎஸ்டிஆர்-1 போடுகிறவருக்கு 11-ம் தேதி கெடு, ஜிஎஸ்டிஆர்-3பி-க்கு 20. 21-ம் தேதி காலையில் தொடங்கினால் ஏதாவது இடறினாலும் சரிசெய்ய மூன்று வாரம் கையில் இருக்கும். பேட்டரி முழுக்க ஏறியிருக்கட்டும், சார்ஜரும் சொருகியே இருக்கட்டும். பாதியில் கரண்ட் போனால் லேப்டாப் தாங்கும், பக்கத்தில் இருக்கும் வைஃபை பெட்டி தாங்காது. டவுன்லோட் சில ஜிபி வரும், அதனால் மொபைல் ஹாட்ஸ்பாட்டை நம்ப வேண்டாம். முடிந்ததும் முதல் வேலையாக டிஜிட்டல் சிக்னேச்சர் டோக்கன் இருந்தால் சொருகிப் பாருங்கள், ஒரு பக்கம் பிரின்ட் எடுங்கள், ஸ்கேனரில் ஒரு தாளை ஓட்டுங்கள். பிடிக்கவில்லை அல்லது ஏதோ வேலை செய்யவில்லை என்றால் 10 நாளுக்குள் செட்டிங்ஸ், சிஸ்டம், ரெகவரி வழியாகப் பழைய 10-க்கே திரும்பிவிடலாம். இடத்தை அடைக்கிறதே என்று ‘விண்டோஸ் ஓல்டு’ ஃபோல்டரை யாராவது அழித்துவிட்டால் அந்த வழி போய்விடும். ஸ்டார்ட் பட்டன் நடுவில் போய் உட்கார்ந்திருப்பது இரண்டு நாள் எரிச்சலாக இருக்கும், டாஸ்க்பார் செட்டிங்ஸில் இடது பக்கம் தள்ளிவிடலாம்.

இந்த மாதம் முடியாது என்றால் விண்டோஸ் அப்டேட் பக்கத்தில் நீட்டிக்கப்பட்ட பாதுகாப்புத் திட்டத்தில் சேரும் இணைப்பு இருக்கும். விண்டோஸ் 10-ன் கடைசிப் பதிப்பான 22எச்2 வேண்டும். செட்டிங்ஸை மைக்ரோசாஃப்ட் கணக்கோடு ஒத்திசைத்தால் காசில்லை. இல்லையென்றால் ரிவார்ட்ஸ் புள்ளி 1,000 அல்லது 30 டாலர். 2026 அக்டோபர் 13 வரை திருத்தங்கள் வரும். அது தவணைதான், தீர்வில்லை. எட்டாம் தலைமுறை கையில் இருக்கும்போது தவணையில் காலம் தள்ளத் தேவையும் இல்லை.

இனி பத்திரிகை சிஸ்டம். 2014 ஐ3 பெரும்பாலும் நான்காம் தலைமுறை, பட்டியலில் கிடையாது. ஆனால் அதை அப்படியே விடச் சொல்வதற்கு அது காரணமில்லை. அபௌட் பக்கத்தில் சிஸ்டம் டைப் என்ற வரியைப் படியுங்கள். அந்தக் காலத்தில் விண்டோஸ் 7, 32 பிட் போட்டு வாங்கி, பிறகு 10-க்கு ஏற்றிய சிஸ்டங்களில் ‘32 பிட்’ என்றே இருக்கும். உங்களுடையதும் அப்படித்தான் இருக்கும் என்பது என் ஊகம். விண்டோஸ் 11-ல் 32 பிட் பதிப்பே கிடையாது, 64 பிட் மட்டும்தான். 32 பிட் 10-ன் மேல் 11-ஐ ஏற்ற முடியாது. ஃபார்மேட் போட்டு முதலிலிருந்து எல்லாவற்றையும் நிறுவ வேண்டும். பேஜ்மேக்கர் சிடி இருக்கிறதா? அதன் சீரியல் நம்பர் எழுதிய அட்டை? அந்த சிடியைப் போட டிரைவ்?

பேஜ்மேக்கர் 32 பிட் மென்பொருள். 64 பிட் விண்டோஸில் பெரும்பாலும் ஓடிவிடும். சிக்கல் அதைச் சுற்றியுள்ள சாமான்களில். பழைய தமிழ் எழுத்துருத் தொகுப்புகள் சில யூஎஸ்பியில் சொருகும் ஹார்ட்வேர் லாக்கோடு (அது சொருகியிருந்தால்தான் வேலை செய்யும்) விற்கப்பட்டன. லாக்குக்கும் பிரின்டருக்கும் போட்டிருக்கும் 32 பிட் டிரைவர் 64 பிட் விண்டோஸில் ஏறாது. கம்பெனி 64 பிட் டிரைவர் கொடுத்திருந்தால் பிழைத்தீர்கள், இல்லையென்றால் பிரின்டர் மேசையில் சும்மா உட்கார்ந்திருக்கும். 16 பிட் காலத்துச் சின்னச் சின்ன நிரல்கள் (தட்டச்சுப் பலகை மாற்றி, பழைய பில்லிங் நிரல்) 64 பிட்டில் திறக்கவே திறக்காது.

எழுத்துரு விஷயத்தில் கூடுதல் கவனம் வேண்டும். பாமினி வகை எழுத்துருக்கள் ஆங்கில எழுத்துகளின் இடத்தில் தமிழ் வடிவங்களை உட்கார வைத்தவை. எழுத்துரு இல்லாத கணினியில் ஃபைலைத் திறந்தால் ‘நிகழும் மங்களகரமான’ என்ற வரி ஆங்கில எழுத்தும் அரைப்புள்ளியுமாகக் கிடக்கும். ஆகவே ஃபைல்களோடு எழுத்துருக்களையும் காப்பி எடுக்க வேண்டும். அவை எல்லாம் விண்டோஸ் ஃபோல்டருக்குள் இருக்கும் ஃபான்ட்ஸில்தான் இருக்கும் என்று நினைத்துவிடாதீர்கள். 2018-க்குப் பிந்தைய விண்டோஸ் 10-ல் வெறுமனே இன்ஸ்டால் என்று கொடுத்தால் எழுத்துரு அந்தப் பயனருக்கு மட்டுமான ஆப்டேட்டா ஃபோல்டருக்குள் போய்விடும். அங்கே இருப்பது பழைய மென்பொருள் சிலவற்றின் கண்ணில் படாது. புதிய கணினியில் போடும்போது ரைட் கிளிக் செய்து ‘இன்ஸ்டால் ஃபார் ஆல் யூசர்ஸ்’ கொடுங்கள். ஃபைல் பெயர் டிடிஎஃப் என்று முடிந்தால் நல்லது. பிஎஃப்பி என்று முடிந்தால் அது டைப் 1 வகை. 2023 ஜனவரியிலிருந்து அடோபியின் புதிய மென்பொருள்கள் அதை ஏற்பதில்லை.

இவ்வளவையும் இழுத்துப் போட்டுக்கொண்டு 11-க்குப் போய் அந்த சிஸ்டத்துக்கு என்ன கிடைக்கும்? மேட்டரை அடித்து, புரூஃப் பார்த்து, டிரேசிங் பேப்பரில் லேசர் பிரின்ட் எடுக்கும் வேலைக்கு ஒன்றும் கிடைக்காது. ஆயிரம் ரூபாய்க்காரர் செய்யப்போவது விண்டோஸ் 11-ன் தகுதிச் சோதனையைத் தாண்டி ஏற்றுவது. முடியாத வேலையில்லை, பலர் செய்கிறார்கள். ஆனால் பட்டியலில் இல்லாத கணினிக்குத் திருத்தங்கள் வந்தே தீரும் என்று மைக்ரோசாஃப்ட் உறுதி தருவதில்லை. ஆண்டுக்கொரு முறை வரும் பெரிய பதிப்பைத் திரும்பவும் கையால் ஏற்ற வேண்டியிருக்கும். வீட்டில் பொழுதுபோக்குக்கு வைத்திருப்பவர் செய்து பார்க்கட்டும். வைகாசி முகூர்த்தத்துக்கு நாற்பது பத்திரிகை வரிசையில் நிற்கும் கடையில் வேண்டாம்.

அந்த சிஸ்டத்தில் எனக்குப் பயம் தருவது ஹார்ட் டிஸ்க். 2014-லிருந்து, அக்னி நட்சத்திரத்திலும் ஃபேன் காற்றில் சுழன்றுகொண்டிருக்கும் டிஸ்க் அது. விண்டோஸ் 10-க்கு ஆதரவு போனதால் உங்கள் கடை ஒரு நாளும் மூடாது. அந்த டிஸ்க் போனால், ‘போன வருஷம் சிரசுத் திருவிழாவுக்கு அடிச்ச அதே நோட்டீஸ், தேதியை மட்டும் மாத்திக் கொடுங்க’ என்று கெங்கையம்மன் கோயில் விழாவுக்கு வந்து நிற்பவரிடம் சொல்ல பதில் இருக்காது. ‘கிரிஸ்டல் டிஸ்க் இன்ஃபோ’ என்ற இலவச நிரலில் டிஸ்கின் உடல்நிலையைப் பாருங்கள். ‘காஷன்’ என்று மஞ்சளில் வந்தால் அன்றைக்கே பிஎம்டி (பேஜ்மேக்கர்) ஃபைல்களையும் எழுத்துருக்களையும் வெளியே எடுங்கள். பிறகு ஒரு சாட்டா எஸ்எஸ்டி (சுழலும் தட்டு இல்லாத டிஸ்க்) வாங்கி, டிஸ்கை அப்படியே அதில் குளோன் (முழு நகல்) செய்யச் சொல்லுங்கள். ஃபார்மேட் கிடையாது, மறுபடி நிறுவுவது கிடையாது. பேஜ்மேக்கர், எழுத்துரு, லாக், பிரின்டர் எல்லாம் இருந்தபடி இருக்கும், சிஸ்டம் மட்டும் வேகமாகத் திறக்கும். கழற்றிய டிஸ்கில் பெயர், தேதி எழுதி பீரோவில் வையுங்கள், அது உங்கள் இரண்டாவது காப்பி. சிஸ்டம் டைப்பில் 32 பிட் என்று இருந்தால், ரேம் கூட்டச் சொன்னால் மறுத்துவிடுங்கள். 32 பிட் விண்டோஸ் 4 ஜிபிக்கு மேல் பயன்படுத்தாது.

இன்டர்நெட்டைத் துண்டித்த பிறகும் ஒரு வாசல் திறந்திருக்கும்: வாடிக்கையாளர் கொண்டுவரும் பென்டிரைவ். ‘மேட்டர் இதுல இருக்கு’ என்று நீட்டுவதை நேராக இந்த சிஸ்டத்தில் சொருகக் கூடாது. முதலில் லேப்டாப்பில் போட்டு ஸ்கேன் செய்து, வேண்டிய ஃபைலை மட்டும் கடைக்கென்று வைத்திருக்கும் ஒரு பென்டிரைவில் மாற்றிக் கொண்டுவாருங்கள். வாட்ஸ்அப்பில் வரும் மேட்டருக்கும் இதே வழி. யூனிகோடில் (எல்லாக் கணினிக்கும் பொதுவான எழுத்துக் குறியீட்டில்) வருவதைப் பாமினிக்கு மாற்றும் வேலையை இப்போதும் எங்கேயோ செய்துகொண்டுதானே இருக்கிறீர்கள், அதை லேப்டாப்பில் வைத்துக்கொள்ளுங்கள்.

என்றைக்காவது அந்த மதர்போர்டும் போகும். அதற்குள் புதிய வேலைகளை யூனிகோடில் செய்யப் பழகிக்கொண்டால் அன்று பாதி சுமை குறையும். இன்டிசைன் தமிழ் யூனிகோடைச் சரியாகக் காட்டும், காசில்லாமல் வேண்டுமென்றால் ஸ்கிரைபஸ் இருக்கிறது. பழகுவதற்கு ஆடி மாதம் வசதி. கல்யாணப் பத்திரிகை அதிகம் வராது. கூழ் வார்க்கும் நோட்டீஸ் வரும் என்பதும் தெரியும், ஆனால் அதில் எழுத்துரு பிசகினால் மாமியார் வீட்டில் சண்டை வராது.

புதிதாக வாங்கும் நாள் வந்தால் இரண்டு விஷயம் பாருங்கள். கம்பெனிகளிலிருந்து கழித்து, வேலூரிலும் சென்னை ரிச்சி தெருவிலும் விற்கும் பழைய டெஸ்க்டாப் உங்கள் வேலைக்குத் தாராளமாகப் போதும். எட்டாம் தலைமுறைக்குக் கீழே மட்டும் போகாதீர்கள். ஆறும் ஏழும் விலையில் கவர்ச்சியாக இருக்கும், 11-க்கு ஆகாது. புதிய லேப்டாப் என்றால் ஸ்நாப்டிராகன் சிப் உள்ளதைத் தவிருங்கள். பேட்டரி நன்றாக நிற்கும் என்று கடைக்காரர் சொல்வார், அது உண்மைதான். ஆனால் இன்டெல், ஏஎம்டி கணினிகளுக்காக எழுதிய உங்கள் பழைய பிரின்டர் டிரைவரும் ஹார்ட்வேர் லாக்கும் அதில் ஏறாது.