கத்தோலிக்க நேர்சரியில் ஜெபமும் பாட்டும் தவிர வேறு என்ன படிக்கிறார்கள்?

மூன்றரை வயது மகனைக் கொழும்பில் கொட்டாஞ்சேனைப் பக்கம் ஒரு கன்னியர் மட நேர்சரியில் சேர்க்க யோசிக்கிறீர்கள். நீங்கள் இந்து. மாதாமாதம் காசு கட்டி, கடைசியில் ஜெபமும் பாட்டும்தானா மிஞ்சும் என்று கேட்டிருக்கிறீர்கள். அப்படியொரு நேர்சரியில் சில வருடங்கள் உதவி டீச்சராக இருந்தவள் நான். நானும் இந்துதான், ஆகவே மதம் பரப்ப வந்துவிட்டாள் என்று பின்னூட்டத்தில் யாரும் தொடங்க வேண்டாம். எல்லாக் கன்னியர் மடங்களும் இப்படித்தான் என்றும் சொல்லவில்லை. நான் வேலை செய்த வகுப்பை மட்டும்தான் எனக்குத் தெரியும்.

ஒரு நாளில் ஜெபத்துக்குப் போகும் நேரம் எல்லாம் சேர்த்தாலும் பத்து நிமிடம் வராது. வந்தவுடன் சிலுவை அடையாளம், காவல் சம்மனசுக்கு, அதாவது நம்மைக் காக்கும் தேவதூதருக்கு, ஒரு சின்ன ஜெபம். சாப்பாட்டுக்கு முன் ஒன்று, வீட்டுக்குப் போகும்போது ஒன்று. ஆனால் அந்தப் பத்து நிமிடத்தை வைத்துத்தான் மீதி நேரத்தையே நடத்துவோம். மூன்றரை வயதில் மணிக்கூடு பார்க்கத் தெரியுமா? முதல் ஜெபம் முடிந்தால் பாய் விரிக்க வேண்டும், இரண்டாவதுக்குப் பிறகு சாப்பாடு, மூன்றாவது முடிந்தால் அம்மா வருவார். இது பிடிபட்ட நாளிலிருந்து பிள்ளை அழுவதை நிறுத்திவிடும்.

திங்கட்கிழமையைக் கணக்கில் எடுக்காதீர்கள். இரண்டு நாள் வீட்டில் இருந்துவிட்டு வந்தவர்களைத் திரும்பவும் வரிசையில் நிற்கவைக்கவே அந்த நாள் போய்விடும். இடையில் போயா (பௌர்ணமி) லீவு வந்தால் அந்த வாரத்தில் திங்கட்கிழமை இரண்டு தடவை வரும், அவ்வளவுதான்.

செவ்வாய்க்கிழமை பாதி வகுப்பு பிந்தித்தான் வரும். கொச்சிக்கடை அந்தோனியார் கோவிலுக்குப் போகிற கூட்டத்தில் வான்கள் மாட்டிக்கொள்ளும். அந்தக் கூட்டத்தில் திருநீறும் பொட்டுமாக எத்தனை பேர் நிற்கிறார்கள் என்று உங்களுக்கே தெரியும். நீங்களும் மெழுகுதிரி கொளுத்தப் போயிருப்பீர்கள். அங்கே போகலாம், பிள்ளை வகுப்பில் ஆமென் சொன்னால் மட்டும் பயமா?

வந்து சேர்ந்தவர்களுக்குத் தண்ணீர் ஊற்றும் வேலை. சின்ன ஜக்கிலிருந்து கோப்பைக்குச் சிந்தாமல் ஊற்ற வேண்டும். சிந்தினால் பக்கத்தில் துணி இருக்கும், சிந்தியவரே துடைக்க வேண்டும். மணி கோர்ப்பது, பொத்தான் போடுவது, மணல் தட்டில் விரலால் கோடு இழுப்பது எல்லாம் இதே வகைதான். 1907இல் ரோமில் மரியா மொண்டிசூரி தொடங்கிய வழி இது. 1944இல் அவரே இலங்கைக்கு வந்து ஆசிரியர்களுக்குப் பயிற்சி கொடுத்திருக்கிறார். கேற்றுக்கு வெளியே நின்று எட்டிப் பார்க்கும் அம்மாமாருக்கு இதெல்லாம் விளையாட்டு. பொத்தான் போட்டுப் பழகிய விரல்தான் பிறகு பென்சிலைப் பிடிக்கிறது என்று எத்தனை தடவை சொன்னாலும் ஏறாது.

புதன்கிழமை எழுத்து நாள். கை வளைந்து கொடுக்கத் தொடங்கியவர்களுக்கு ட, ப, ம. மற்றவர்களுக்கு இன்னும் கோடுதான். அன்றைக்குத்தான் சண்டையும் வரும். “இன்னும் பெயர் எழுதத் தெரியாது, நாளைக்கு முதலாம் தரத்துக்கு எப்படிப் போவான்?” அரசாங்கப் பாடசாலையில் முதலாம் தரத்துக்கு எழுதத் தெரியுமா என்றா பார்க்கிறார்கள்? வீடு எவ்வளவு தூரம், வாக்காளர் இடாப்பில் எத்தனை வருடம் பெயர் இருக்கிறது என்று பார்த்துத்தான் புள்ளி போடுகிறார்கள். வாடகை வீட்டுக்காரர்களுக்கு இதைவிடப் பெரிய தலைவலி கொழும்பில் இல்லை. எங்கள் வீட்டு உரிமையாளர் மாதம் பிறந்தவுடன் வாடகைக்கு வந்து நிற்பார், ஆனால் இடாப்புப் படிவத்தில் எங்கள் பெயரைப் போட விடமாட்டார். பெயர் விழுந்தால் வீடே எங்களுக்குப் போய்விடும் என்று யாரோ சொல்லி வைத்திருக்கிறார்கள். பக்கத்துப் பாடசாலை மணி எங்கள் குசினிக்குக் கேட்கும், என் மகளோ பஸ் பிடித்து வெள்ளவத்தைக்குப் போய் வருகிறாள். சரி, இதை உங்களிடம் சொல்லி என்ன செய்ய.

வியாழக்கிழமை சிஸ்டர் கதை சொல்ல வருவார். பைபிளில் வரும் காணாமல்போன ஆட்டின் கதைக்கு அட்டையில் வெட்டிய ஆடுகளைப் பலகையில் ஒவ்வொன்றாக ஒட்டுவார். ஒரு நாள் ஒருவன் ஓர் ஆட்டைக் காற்சட்டைப் பைக்குள் போட்டுக்கொண்டான். கதையில் மேய்ப்பர் தேட வேண்டிய இடத்தில் சிஸ்டர் உண்மையாகவே தேடிக்கொண்டு நின்றார். வெள்ளிக்கிழமை வகுப்பைக் கூட்டித் துடைப்பது, ஈஸ்டருக்கு முந்திய தவக்காலமானால் டொபி வாங்கும் காசை உண்டியலில் போடுவது. அன்றைக்குச் சாப்பாட்டுப் பெட்டியில் இறைச்சி கூடாது. அந்த விஷயத்தில் அவர்களுக்கும் எங்களுக்கும் சண்டையே இல்லை.

உங்கள் பயம் எனக்குப் புதிதில்லை. ஆட்டை ஒளித்தவனின் அப்பம்மா ஒரு நாள் கோபத்தோடு வந்தார். பேரன் வீட்டில் சோற்றுக்கு முன் சிலுவை போடுகிறானாம். 2019 ஏப்ரல் 21 ஈஸ்டர் குண்டுவெடிப்புகளுக்குப் பிறகு பெற்றோரை உள்ளே விடுவதில்லை, அதனால் உள்ளே என்ன நடக்கிறதோ என்ற சந்தேகமும் சேர்ந்துகொண்டது. சிஸ்டர் வாதாடவில்லை. “அவன் சும்மா கைகூப்பி நின்றால் போதும், நீங்கள் வீட்டில் சொல்கிற தேவாரத்தை இங்கேயும் மனதுக்குள் சொல்லட்டும்” என்றார். அவன் அப்படியே செய்தான். கொஞ்ச நாளில் அப்பம்மா மறுபடியும் வந்தார். இப்போது வகுப்பில் போலவே எல்லோருடைய தட்டிலும் சோறு விழும்வரை அப்பப்பாவைச் சாப்பிட விடுகிறானில்லையாம், அவருக்கோ சீனி வருத்தம், நேரத்துக்குச் சாப்பிட வேண்டும். அதற்கு எங்களிடம் பதில் இருக்கவில்லை.

சேர்ப்பதற்கு முன் சிஸ்டரிடம் நேராகக் கேளுங்கள். கைகூப்பி நின்றால் போதுமா, ஒரு டீச்சருக்கு எத்தனை பிள்ளைகள், வியாழக்கிழமைக் கதைக்கு உங்கள் மகனும் இருக்க வேண்டுமா. கேட்டால் கோபிப்பார்கள் என்றால் வேறு இடம் பாருங்கள். சேர்த்துவிட்டால் ஜிப் வைத்த காற்சட்டை போட்டு அனுப்பாதீர்கள், இலாஸ்டிக் போட்டது நல்லது. அவசரத்துக்கு அதைக் கழற்ற ஓடுவது உதவி டீச்சர்தான்.