அமாக்சிசிலினுக்குக் கேட்காவிட்டால் அதைவிடப் பவரான ஆன்டிபயாடிக் எது?

அப்படி ஓர் ஏறுவரிசையே கிடையாது. ‘சாதா மாத்திரை, பவர் மாத்திரை’ என்பதெல்லாம் மெடிக்கல் ஷாப் கவுன்டர் பேச்சு. மருத்துவர் பார்ப்பது வேறு. மருந்து தாக்கும் உறுப்பு அந்தக் கிருமியிடம் இருக்கிறதா, நோய் உள்ள இடத்துக்கு மருந்து போய்ச் சேருமா என்பதுதான் கணக்கு.

அமாக்சிசிலினையே எடுத்துக்கொள்வோம். பென்சிலின், செஃபலோஸ்போரின், மெரோபெனம் எல்லாம் இதன் பங்காளிகள்தான், பீட்டா-லாக்டம் குடும்பம். பாக்டீரியாவின் செல்சுவரைப் பின்னும் நொதியில் போய் ஒட்டிக்கொண்டு அதை முடக்கிவிடும். சுவர் பலமிழந்து கிருமி வெடித்துச் சாகும். ஆனால் நிமோனியா உண்டாக்கும் மைக்கோபிளாஸ்மாவுக்குச் செல்சுவரே இல்லை. அதற்கு அமாக்சிசிலின் என்ன, ஐசியூவில் மெரோபெனமே ஏற்றினாலும் பயனில்லை. ரைபோசோமைத் தடுத்துப் புரதம் செய்யவிடாத அசித்ரோமைசினோ டாக்ஸிசைக்ளினோ வேண்டும். விலை பார்த்தால் இவை மெரோபெனத்துக்குப் பக்கத்திலேயே வராது.

சரி, அமாக்சிசிலின் ஏன் கேட்காமல் போகிறது? முதல் காரணம், பெரும்பாலும் அது வைரஸ். சளி, தொண்டைவலியில் பாதிக்கு மேல் இந்தக் கதைதான். அங்கே எந்த ஆன்டிபயாடிக்கும் வேண்டாம். அடுத்தது, கிருமி பீட்டா-லாக்டமேஸ் என்ற நொதியைச் சுரந்து மருந்தை உடைத்துவிடுவது. அதைத் தடுக்கத்தான் கிளாவுலனிக் அமிலத்தைச் சேர்க்கிறார்கள். மூன்றாவது வகை, பல ஆன்டிபயாடிக்குகளுக்கு அடங்காத ஸ்டஃபைலோகாக்கஸ் கிருமியான எம்ஆர்எஸ்ஏ மாதிரி, மருந்து ஒட்டும் நொதியையே மாற்றிவைத்துக்கொள்வது. இங்கே மருந்து உடைபடவில்லை, ஒட்ட இடமில்லை, அவ்வளவுதான். ஆகவே கிளாவுலனிக் சேர்த்தும் பலன் இருக்காது. வான்கோமைசின், லினிசோலிட் பக்கம் போக வேண்டும். தொண்டைப்புண் உண்டாக்கும் ‘குரூப் ஏ’ ஸ்ட்ரெப்டோகாக்கஸோ இன்றுவரை பென்சிலினை எதிர்க்கக் கற்றுக்கொள்ளவில்லை. அதற்குப் போய் கிளாவுலனிக் சேர்த்த மாத்திரை எழுதுவதில் வயிற்றுப்போக்கைத் தவிரக் கூடுதலாக ஒன்றும் கிடைக்காது.

இதில் அடிக்கடி நடக்கும் ஒரு தவறு. ‘625’ மாத்திரையில் அமாக்சிசிலின் 500 மி.கி., கிளாவுலனிக் 125 மி.கி. ‘375’ மாத்திரையில் 250 மி.கி., அதே 125 மி.கி. 625 ஸ்டாக் இல்லையென்று இரண்டு 375 போட்டால் கிளாவுலனிக் இரட்டிப்பாகி 250 ஆகிவிடும், வயிறு கலக்கிவிடும். சாப்பிட ஆரம்பிக்கும்போதே போட்டுக்கொண்டால் அந்தத் தொல்லை குறையும்.

செஃபலோஸ்போரின்களில் ‘மூன்றாம் தலைமுறை’ என்றதும் மேலானது என்று நினைத்துவிடுகிறார்கள். செஃபிக்சைம் மூன்றாம் தலைமுறைதான், ஆனால் தோலில் கட்டி, சீழ் உண்டாக்கும் ஸ்டஃபைலோகாக்கஸிடம் அதற்குச் செல்வாக்கு குறைவு. முதல் தலைமுறை செஃபலெக்சினோ பழைய கிளாக்ஸாசிலினோ அங்கே மேல். செஃப்ட்ரியாக்சோன் மூளைக்காய்ச்சலுக்கு 12 மணிக்கொரு முறை 2 கிராம் ஏற்றும் பெரிய மருந்து. ஆனால் மூளைக்காய்ச்சல் உண்டாக்கும் லிஸ்டீரியா என்ற கிருமியைத் தொடாது. அதனால்தான் 50 வயதைத் தாண்டியவருக்கு அதோடு ஆம்பிசிலினையும் சேர்க்கிறார்கள். வான்கோமைசினும் அப்படித்தான். மூலக்கூறு பெரியது, கிராம் நெகட்டிவ் (செல்சுவருக்கு வெளியே இன்னொரு சவ்வுள்ள வகை) கிருமியின் வெளிச்சவ்வைத் தாண்டாது. குடலில் வாழும் சாதாரண ஈ.கோலைகூட அதற்கு அடங்காது.

இனி இடம். சிறுநீர்ப்பைத் தொற்றுக்கு நைட்ரோஃபுரான்டாயின் 100 மி.கி. நீடித்து வெளிவரும் வகை, காலை மாலை உணவோடு, 5 நாள். சிறுநீரில் மட்டும் செறிவாகத் தேங்கும். ரத்தத்திலும் சிறுநீரகத் திசுவிலும் போதிய அளவு இருக்காது. குளிர்காய்ச்சல், விலாவலி என்று தொற்று சிறுநீரகத்துக்கு ஏறிவிட்டால் அதே கிருமிக்கே இந்த மருந்து உதவாது. சிறுநீர் பழுப்பாகப் போகும், பயப்பட வேண்டாம். ஜென்டாமைசின் பாக்டீரியாவுக்குள் நுழைய ஆக்சிஜன் வேண்டும், சீழ்க்கட்டிக்குள் அது கிடையாது. கட்டியைக் கீறிச் சீழை எடுக்காமல் ஊசி மட்டும் போட்டால் காதும் சிறுநீரகமும் கெடுவதுதான் மிச்சம். மெட்ரோனிடசோல் இதற்கு நேரெதிர்: ஆக்சிஜன் இல்லாத இடத்தில்தான் அது விஷமாக மாறும். ஆகவே காற்றில்லாமல் வாழும் கிருமிகள், அமீபா, ஜியார்டியா போன்றவற்றுக்கு மட்டும். அமீபாவிலும் குடல் உட்புறத்தில் தங்கும் சிஸ்ட்டை (ஓடு போர்த்திய அமீபாவை) அழிக்க டைலோக்சனைட் 500 மி.கி. தினம் மூன்று வேளை 10 நாள் தனியாகத் தர வேண்டும். இதை விட்டுவிடுவதால்தான் சிலருக்கு மறுபடி வருகிறது.

தமிழ்நாட்டு உதாரணம் வேண்டுமென்றால் உண்ணிக்காய்ச்சல், அதாவது ஸ்க்ரப் டைஃபஸ். இந்தக் கிருமி நம் செல்லுக்குள் ஒளிந்திருப்பது, வழக்கமான செல்சுவரும் இல்லை. ‘டைபாய்டாக இருக்கும்’ என்று நாள்கணக்கில் செஃப்ட்ரியாக்சோன் ஏறும், காய்ச்சல் அசையாது. அக்குள், இடுப்பு மடிப்பு, மார்புக்கடியில் சிகரெட்டால் சுட்டது போன்ற கருப்புப் பொருக்கு இருக்கிறதா என்று துணியை விலக்கிப் பார்த்தால் பாதி வேலை முடிந்தது. டாக்ஸிசைக்ளின் 100 மி.கி. இரு வேளை கொடுத்தால் பெரும்பாலும் இரண்டு நாளில் காய்ச்சல் இறங்கும். நோய் முற்றியவர்களுக்கு டாக்ஸிசைக்ளின், அசித்ரோமைசின் இரண்டையும் நரம்புவழி சேர்த்துக் கொடுப்பது தனித்தனியாகக் கொடுப்பதைவிட மேல் என்று வேலூர் சிஎம்சி தலைமையில் நடந்த ஆய்வு 2023இல் காட்டியது. டாக்ஸிசைக்ளின் மாத்திரையை ஒரு டம்ளர் நிறையத் தண்ணீரோடு விழுங்கி அரைமணி நேரம் படுக்காமல் இருக்க வேண்டும், இல்லாவிட்டால் உணவுக்குழாயில் ஒட்டிப் புண்ணாக்கும். இரும்புச்சத்து மாத்திரை, ஆன்டாசிட், பால் இவற்றோடு சேர்த்துப் போட்டால் உடம்பில் சரியாகச் சேராது. இரண்டு மணி நேரமாவது இடைவெளி விடுங்கள்.

உண்மையிலேயே டைபாய்டு என்றால் நிலைமை வேறு. சரியான மருந்திலேயே காய்ச்சல் இறங்க நாலைந்து நாள், சில சமயம் ஒரு வாரம் ஆகும். மூன்றாம் நாளே ‘கேட்கலை’ என்று மருந்தை மாற்றுவதில் அர்த்தமில்லை. இரண்டு வாரத்துக்கு மேலான இருமலுக்கு லீவோஃப்ளாக்சசின் வாங்கிப் போடுவது அதைவிட மோசம். அது காசநோய்க் கிருமியையும் கொஞ்சம் அடக்கும்; உடம்பு தேறியதுபோல் இருக்கும், நோய் தெரிய வர மாதங்கள் தள்ளிப்போகும். சளிப் பரிசோதனை முதலில்.

மருந்து கேட்கவில்லையென்றால் கல்ச்சர் (கிருமியை வளர்த்துப் பார்க்கும் பரிசோதனை) கேளுங்கள், முடிந்தால் முதல் டோஸ் உள்ளே போகும் முன்பே. ரிப்போர்ட் வந்ததும் எம்ஐசி (கிருமி வளராமல் தடுக்கத் தேவையான குறைந்தபட்ச மருந்துச் செறிவு) என்ற எண் எதற்குக் குறைவோ அதுதான் பவர் என்று எடுத்துக்கொள்ளாதீர்கள். ஈ.கோலைக்கு நைட்ரோஃபுரான்டாயின் 32 என்றிருந்தால் ‘எஸ்’, மருந்து வேலை செய்யும். சிப்ரோஃப்ளாக்சசின் 0.5 என்றிருந்தால் இப்போதைய அமெரிக்க அளவுகோல்படி ‘எஸ்’ கிடையாது. ஒவ்வொரு மருந்துக்கும் எல்லைக்கோடு தனி. எண்களை ஒன்றோடொன்று ஒப்பிடாமல் எழுத்தைப் பாருங்கள்.