விளம்பரத்தில் வந்த பட்டா வீட்டுக்கு எப்போது வரும்?

கேள்வி: அம்பத்தூர் பக்கம் புறம்போக்கு நிலத்தில் இருபத்தைந்து வருடங்களுக்கு மேலாக வீடு கட்டிக் குடியிருக்கிறோம். வீட்டு வரி, கரண்ட் பில் எல்லாம் என் பெயரில்தான். போன மாதம் பேப்பரில் முழுப் பக்க அரசு விளம்பரம் வந்தது. எங்களைப் போன்றவர்களுக்குப் பட்டா கொடுப்பதாகப் போட்டிருந்தார்கள். எங்கள் தெருவில் ஒருவர், "தேர்தல் தேதி அறிவித்தால் எல்லாம் நின்றுவிடும். அறிவித்த பிறகும் பழைய தேதி போட்டு ஆர்டர் வாங்கித் தருகிறேன்" என்று இருபதாயிரம் கேட்கிறார். ஐயாயிரம் முன்பணம் கொடுத்துவிட்டேன். ஐயா, அந்த விளம்பரத்தை நம்பலாமா? தேர்தல் நேரத்தில் எங்கள் வரிப்பணத்தில் இப்படி விளம்பரம் செய்வது சரிதானா?

— ஒரு வாசகி, அம்பத்தூர்

பதில்: முதலில், மீதிப் பதினைந்தாயிரத்தைக் கொடுக்காதீர்கள் அம்மா. மற்றதெல்லாம் அப்புறம்.

உங்கள் கடிதத்தை இரண்டு முறை படித்தேன். வீட்டு வரி ரசீது இருக்கிறது, கரண்ட் பில் இருக்கிறது, புரோக்கருக்குக் கொடுத்த பணக் கணக்கும் இருக்கிறது. ஆனால் தாசில்தார் ஆபீஸில் மனு கொடுத்ததாக ஒரு வரிகூட இல்லை. விளம்பரத்தைப் பார்த்தவுடன் நம் ஜனங்கள் ஓடுவது இப்படித்தான். ஆபீஸ் எந்தத் தெருவில் இருக்கிறது என்று தெரியாது, ஆள் எந்த டீக்கடையில் இருப்பார் என்று தெரியும்.

பேப்பரில் வந்த விளம்பரம் அரசாணை ஆகாது. அதைக் கையில் பிடித்துக்கொண்டு போய் எந்த அதிகாரியிடமும் எதையும் உரிமையாகக் கேட்க முடியாது, கோர்ட்டுக்குப் போனாலும் அது நிற்காது. நிற்பது அரசாணை, அதாவது எண்ணும் தேதியும் போட்டு, யாருக்கு, என்ன நிபந்தனையில், எந்த நிலத்தில் என்று சொல்லும் ஜி.ஓ. துறைவாரியாக அரசாணைகளைத் தமிழக அரசின் இணையதளத்திலேயே போடுகிறார்கள். விளம்பரத்தில் பெரிய படம் இருக்கும், பெரிய எழுத்தில் வாழ்த்து இருக்கும், ஜி.ஓ. எண்ணைத்தான் பூதக்கண்ணாடி வைத்துத் தேட வேண்டும்.

உங்கள் விஷயத்தில் அடிப்படை இல்லாமல் இல்லை. சென்னையைச் சுற்றியுள்ள 'பெல்ட் ஏரியா'வில் 1962-லிருந்து புறம்போக்குக் குடியிருப்புகளுக்குப் பட்டா கொடுப்பதில் தடை இருந்தது. 2025 பிப்ரவரியில் அமைச்சரவை கூடி, இந்தப் பகுதியையும் வேறு சில நகரங்களையும் சேர்த்து 86,000 பேருக்கு ஆறு மாதத்தில் பட்டா கொடுக்க முடிவு செய்தது. ஆனால் அது ஆட்சேபணை இல்லாத புறம்போக்குக்கு மட்டும். உங்கள் வீடு ஏரி, குளம், கால்வாய் என்று கணக்கில் இருக்கும் இடத்தில் இருந்தால் எந்தக் கட்சி வந்தாலும் கிடைக்காது, கோர்ட் விடாது. அந்த இடம் இப்போது தரையாகத்தான் இருக்கிறது, தண்ணீரையே பார்த்ததில்லை என்பீர்கள். கணக்கில் என்ன எழுதியிருக்கிறது என்பதுதான் கேள்வி. உங்கள் தெரு ஆசாமி இதைப் பற்றி ஒரு வார்த்தை சொன்னாரா? சொல்லியிருக்க மாட்டார். சர்வே எண்ணைக் கேட்காமலே ரேட் சொல்கிறவரிடம் பட்டா கிடைக்காது.

சரி, தேர்தலுக்கு வருவோம். தேர்தல் ஆணையம் தேதிகளை அறிவித்த நிமிடத்திலிருந்து நடத்தை விதிகள் அமலுக்கு வரும். அதற்குப் பிறகு அரசுப் பணத்தில் சாதனை விளம்பரம் போடக் கூடாது. அமைச்சர்கள் புதுத் திட்டம் அறிவிக்கக் கூடாது, அடிக்கல் நாட்டக் கூடாது, ரோடு போடுகிறேன் தண்ணீர் தருகிறேன் என்று வாக்குக் கொடுக்கக் கூடாது. அரசு கட்டிடங்களில் இருக்கும் படங்களையும் போஸ்டர்களையும் 24 மணி நேரத்தில், பஸ் நிலையம் போன்ற பொது இடங்களில் 48 மணி நேரத்தில், தனியார் இடத்தில் விதிக்கு மாறாக இருப்பவற்றை 72 மணி நேரத்தில் எடுத்தாக வேண்டும்.

அறிவிப்புக்கு முந்தின நிமிடம் வரை? எல்லாம் போடலாம். சட்டத்தில் இருக்கும் பெரிய ஓட்டை இதுதான், எல்லாக் கட்சிகளும் அதற்குள்தான் குடித்தனம் நடத்துகின்றன. 2021 பிப்ரவரி 26-ஐ நினைத்துப் பாருங்கள். சட்டப்பேரவையில் அன்றைய முதல்வர் எடப்பாடி பழனிசாமி, கூட்டுறவு வங்கிகளில் ஆறு பவுன் வரையிலான நகைக்கடன் தள்ளுபடி என்று அறிவித்தார். அதே நாளில் வன்னியர்களுக்கு 10.5 சதவீத உள்ஒதுக்கீட்டு மசோதா நிறைவேறியது. அன்று மாலை தேர்தல் தேதி வந்துவிட்டது. பிறகு என்ன ஆனது? ஆட்சி மாறியது. புதிய அரசு தன் வாக்குறுதிப்படி ஐந்து பவுன் என்று வேறு கணக்குப் போட்டு நிபந்தனைகள் வைத்ததில் லட்சக்கணக்கானவர்கள் தள்ளுபடியிலிருந்து கழன்றார்கள். உள்ஒதுக்கீட்டைச் சென்னை உயர் நீதிமன்றம் 2021 நவம்பரில் ரத்து செய்தது, 2022 மார்ச்சில் உச்ச நீதிமன்றமும் அதையே உறுதி செய்தது. கடைசி நேர அறிவிப்பை நம்பி நகையை மீட்காமல் வைத்திருந்தவருக்கு வட்டிதான் ஏறியது.

விளம்பரத்துக்கே ஒரு கட்டுப்பாடு கிடையாதா என்கிறீர்களா? உண்டு, எழுத்தளவில் மட்டும். 'காமன் காஸ்' என்ற அமைப்பு போட்ட வழக்கில் 2015 மே மாதம் உச்ச நீதிமன்றம் விதிமுறைகள் வகுத்தது. அரசு விளம்பரம் மக்களுக்குத் தகவல் சொல்வதாக இருக்க வேண்டும், ஆளுங்கட்சியைப் புகழ்வதாக இருக்கக் கூடாது. குடியரசுத் தலைவர், பிரதமர், தலைமை நீதிபதி படங்கள் மட்டும் என்றார்கள். மாநிலங்கள் திரண்டுபோய் மறுசீராய்வு கேட்டன. 2016 மார்ச்சில் முதல்வர், ஆளுநர், துறை அமைச்சர் படங்களுக்கும் கதவு திறந்தது. தேர்தலுக்கு முன் கொஞ்ச காலம் அரசு விளம்பரத்துக்கே தடை வேண்டும் என்று அந்த நீதிமன்றமே அமைத்த நிபுணர் குழு பரிந்துரைத்திருந்தது. அதை மட்டும் நீதிமன்றம் தேவையில்லை என்று விட்டுவிட்டது. தகவல் சொல்லும் விளம்பரம் என்றால் எந்தத் தேதியில் வந்தால் என்ன என்பது வாதம். முழுப் பக்கத்தில் முக்கால் பக்கம் முகமாக இருப்பதில் என்ன தகவல் என்று நான் கேட்டால் என்னை அரசியல் பேசுவதாகச் சொல்வார்கள்.

2025 ஆகஸ்டில் நடந்ததையும் பார்த்தோம். 'உங்களுடன் ஸ்டாலின்' திட்ட விளம்பரங்களில் உயிரோடிருக்கும் தலைவர் பெயரோ முன்னாள் முதல்வர் படமோ கூடாது என்று சென்னை உயர் நீதிமன்றம் தடை போட்டது. வழக்குப் போட்டவர் அ.தி.மு.க. எம்.பி. சி.வி. சண்முகம். ஒரு வாரம் போகவில்லை, உச்ச நீதிமன்றம் அதை ரத்து செய்ததோடு, ஒரு கட்சியை மட்டும் குறிவைத்து வந்ததாகச் சொல்லி அவருக்குப் பத்து லட்சம் ரூபாய் அபராதமும் போட்டது. மத்தியிலும் இதே கதைதான். 2024 மார்ச் 16-ல் தேர்தல் அறிவிப்பு வந்த பிறகும் மத்திய அரசின் 'விக்சித் பாரத்' வாட்ஸ்அப் செய்திகள் ஜனங்கள் போனுக்கு வந்துகொண்டிருந்தன, ஆணையம் தலையிட்டு நிறுத்தச் சொன்னது.

விதி மீறி விளம்பரம் போட்டால் பணத்தைத் திரும்பக் கட்ட வைக்கலாமா? டெல்லி அரசின் விளம்பரங்கள் பற்றி 2016-ல், அரசு விளம்பரங்களைக் கண்காணிக்கும் மத்தியக் குழு சொன்னதை வைத்து, ஆம் ஆத்மி கட்சி வட்டியோடு 163 கோடிக்கு மேல் கட்ட வேண்டும் என்று நோட்டீஸ் வந்தது 2023 ஜனவரியில். குழு சொல்லி ஆறு வருடத்துக்கு மேல். நடுவில் ஒரு பொதுத் தேர்தலும் ஒரு சட்டமன்றத் தேர்தலும் முடிந்து போயின. இந்த லட்சணத்தில் விதி இருந்து யாருக்கு என்ன லாபம்?

உங்கள் முக்கியமான கேள்வி, எல்லாம் நின்றுவிடுமா என்பது. புரோக்கர்கள் பிழைப்பு நடத்துவதே இந்த ஒரு பயத்தில் என்பதால் கொஞ்சம் நீட்டியே சொல்கிறேன். ஏற்கெனவே ஓடிக்கொண்டிருக்கும் திட்டம் நிற்காது. பயனாளி யார் என்று முடிவாகி, பணமோ வேலையோ தொடங்கியிருந்தால் அது தொடரும். மகளிர் உரிமைத்தொகையை மாதாமாதம் வாங்குகிறவருக்குத் தேர்தல் நேரத்திலும் வரும், புதுப் பெயர் சேர்ப்பதுதான் காத்திருக்கும். 2019-ல் பிரதமரின் விவசாயிகள் உதவித்தொகையிலும் இதேதான், அறிவிப்புக்கு முன்பே பதிவானவர்களுக்குப் பணம் போனது. ரோடு வேலைக்கு ஆர்டர் கொடுத்து, ஜல்லி கொட்டி வேலை நடந்துகொண்டிருந்தால் நடக்கும். ஆர்டர் மட்டும் இருந்து வேலை தொடங்காவிட்டால் தொடங்கக் கூடாது.

இதைப் பட்டாவுக்குப் பொருத்துங்கள். கையெழுத்தான ஆணை உங்கள் கையில் இருந்தால் அது செல்லும், எந்த விதியும் அதைப் பிடுங்காது. ஆணை தயார், அமைச்சர் கையால் கொடுக்கும் விழாதான் பாக்கி என்றால் விழா நடக்காது, தேர்தல் முடியும் வரை காத்திருக்க வேண்டும். சர்வேயர் வந்து அளந்துவிட்டுப் போனார், ஆணை வரவில்லை என்றாலும் அப்படியே. மனுவே கொடுக்காதவர்கள், அதாவது நீங்கள், எப்படியும் தேர்தலுக்குப் பிறகுதான். விலைக்கு வாங்கிய சொந்த நிலத்துக்குப் பட்டா மாறுதல் கேட்கிறவர்களுக்கு இது எதுவும் பொருந்தாது, அது அன்றாட வேலை. ஆபீஸ் பாதி காலியாக இருக்கும், எல்லாரும் தேர்தல் டியூட்டியில் என்பார்கள், அது வேறு சங்கதி.

ஆக, நின்றாலும் உங்கள் உரிமை எதுவும் செத்துவிடாது. சில வாரங்கள் தூங்கும். சில வாரங்கள் என்று சொல்லவும் கூச்சமாக இருக்கிறது. 2024-ல் தமிழ்நாடு ஏப்ரல் 19-ல் ஓட்டுப் போட்டு முடித்துவிட்டது, வடக்கே ஏழு கட்டமும் முடிந்து ஜூனில் எண்ணும் வரை இங்கே நாம் கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தோம்.

'பழைய தேதி' சமாச்சாரம் சுத்தப் பொய். இப்போது பெரும்பாலான கோப்புகள் கம்ப்யூட்டரில் நகர்கின்றன. யார் எந்த நேரத்தில் ஒப்புதல் கொடுத்தார் என்று அதில் பதிவாகிவிடும். ஒருவேளை பேப்பரில் ஒன்றை அடித்துக் கொடுத்தாலும், அதில் இருக்கும் எண்ணை வருவாய்த் துறையின் இ-சேவை இணையதளத்தில் போட்டுப் பாருங்கள், வராது. நாளைக்கு அதை வைத்து வங்கியில் கடன் கேட்கும்போது போலி ஆவணம் வைத்திருந்தவராக நிற்கப்போவது நீங்கள். அவர் அதற்குள் வேறு தெருவுக்குப் போயிருப்பார். இவர்களில் பலர் எந்தக் கட்சி ஆட்சியிலும் கட்சி ஆளாகவே இருப்பார்கள், கரை வேட்டியின் நிறம்தான் மாறும்.

இனி செய்ய வேண்டியது. தேர்தல் தேதி வருவதற்கு முன் தாசில்தார் அலுவலகத்தில் எழுத்து மூலம் மனு கொடுங்கள். ரேஷன் கார்டு, ஆதார், பழைய வீட்டு வரி ரசீதுகள், கரண்ட் பில் நகல்களை இணைத்து, மனு எண் போட்ட ரசீது வாங்காமல் அங்கிருந்து நகராதீர்கள். திங்கட்கிழமை கலெக்டர் ஆபீஸ் குறைதீர் நாளிலும் கொடுக்கலாம், ஆனால் நடத்தை விதி வந்தால் அந்தக் கூட்டமே நடக்காது. உங்கள் சர்வே எண் எந்த வகை நிலம் என்பதை வி.ஏ.ஓ.விடம் கேட்டு எழுதிக்கொள்ளுங்கள். இவை எதற்கும் யாருக்கும் பணம் கிடையாது, நகல் எடுக்கும் செலவுதான்.

விளம்பரத்துக்கு எவ்வளவு செலவு என்று தெரிய வேண்டுமானால், தலைமைச் செயலகத்தில் உள்ள செய்தி மக்கள் தொடர்புத் துறைக்குத் தகவல் உரிமைச் சட்டத்தில் பத்து ரூபாய் கோர்ட் பீஸ் ஸ்டாம்ப் ஒட்டி மனு போடுங்கள். முப்பது நாளில் பதில் தர வேண்டும். தகவல் அந்த வடிவில் தொகுத்து வைக்கப்படவில்லை என்று பதில் வந்தால் ஆச்சரியப்படாமல் மேல்முறையீடு செய்யுங்கள். விதி அமலுக்கு வந்த பிறகும் அந்த விளம்பரமோ பேனரோ கண்ணில் பட்டால் 'சி-விஜில்' செயலியில் படம் எடுத்துப் போடுங்கள், 100 நிமிடத்தில் நடவடிக்கை என்பது ஆணையத்தின் ஏற்பாடு. போனில் என்றால் 1950.

அந்த ஐயாயிரம் பற்றி. லஞ்சம் கொடுப்பதும் 2018-லிருந்து தனிக் குற்றம். ஆனால் கட்டாயத்தின் பேரில் கொடுத்தவர் ஏழு நாளுக்குள் போலீஸிலோ லஞ்ச ஒழிப்புத் துறையிலோ புகார் செய்தால் அவர் மீது குற்றமில்லை என்று சட்டத்தில் இருக்கிறது. கொடுத்தது எந்த நாள் என்று நீங்கள் எழுதவில்லை. ஏழு நாள் தாண்டவில்லை என்றால் இந்தப் பதிலை மடித்து வைத்துவிட்டு இன்றே கிளம்புங்கள். தாண்டிவிட்டது என்றால் நேராக ஸ்டேஷனுக்குப் போகாமல் முதலில் ஒரு வக்கீலைப் பாருங்கள். ஜி.பே.யில் அனுப்பியிருந்தால் அந்த ஸ்கிரீன்ஷாட்டையும், அவர் 'பழைய தேதி' என்று பேசியது வாட்ஸ்அப் வாய்ஸ் மெசேஜாக இருந்தால் அதையும் அழித்துவிடாதீர்கள். பணமாகக் கையில் கொடுத்திருந்தால், கொடுத்தபோது பக்கத்தில் யார் இருந்தார்கள் என்று எழுதி வைத்துக்கொள்ளுங்கள்.