கார்டியாலஜி ஃபெலோஷிப்: சிறிய மருத்துவமனையிலிருந்து விண்ணப்பிக்கிறவருக்கு

கேள்வி: சென்னையில் எம்.பி.பி.எஸ். முடித்தேன். இப்போது அமெரிக்காவில், ஃபெலோஷிப் (ரெசிடென்சி என்ற அடிப்படைப் பயிற்சிக்குப் பின் வரும் சிறப்புத் துறைப் பயிற்சி) எதுவும் இல்லாத ஒரு சிறிய கம்யூனிட்டி மருத்துவமனையில் இன்டர்னல் மெடிசின் (பொது மருத்துவம்) இரண்டாம் ஆண்டு ரெசிடென்ட். பயிற்சிக்கு வருபவர்களுக்கான ஜே-1 விசா. வரும் ஜூலையில் கார்டியாலஜிக்கு விண்ணப்பிக்க வேண்டும். கையில் நான்கு கேஸ் ரிப்போர்ட், ஒரு போஸ்டர். மிச்சமிருக்கும் மாதங்களில் இன்னும் பேப்பர் சேர்ப்பதா, பரிந்துரை லெட்டருக்கு அலைவதா? நேர்காணலில் என்ன எதிர்பார்ப்பார்கள்?

பதில்: லெட்டருக்கு அலையுங்கள், டாக்டர். பேப்பர் வேண்டாம் என்று சொல்லவில்லை. ஆனால் உங்கள் ஐந்தாவது கேஸ் ரிப்போர்ட்டைப் பார்த்துத் தேர்வுக் குழுவில் யாரும் மனம் மாறப்போவதில்லை.

காரணம் இதுதான். நாடு முழுக்க ஆண்டுக்கு ஆயிரத்துக்கு மேற்பட்ட கார்டியாலஜி இடங்கள். அநேகமாக எல்லாமே நிரம்பிவிடும். கணிசமான பேர் இடம் கிடைக்காமல் நிற்பார்கள். 2022 ஜனவரியிலிருந்து, அமெரிக்க மருத்துவ உரிமத் தேர்வின் முதல் கட்டமான ஸ்டெப் 1-க்கு மதிப்பெண் கிடையாது, பாஸா ஃபெயிலா என்பது மட்டும்தான். ஸ்டெப் 2 மதிப்பெண்ணிலோ எல்லோரும் நெருக்கமாக நிற்கிறார்கள். பெரிய மருத்துவமனைகள் தங்கள் ரெசிடென்ட்டுகளுக்கே முதலில் இடம் பார்க்கும். அவர்களைத்தான் இரண்டு வருடத்துக்கு மேல் கண்ணால் கண்டிருக்கிறார்கள். உங்களை அங்கே யாருக்கும் தெரியாது. அந்தக் குறையை ஈடுகட்டக் கூடியது, கார்டியாலஜிஸ்ட் ஒருவர் உங்களைப் பற்றித் தன் பெயரைப் பணயம் வைத்து எழுதும் கடிதம். அவரே அங்கே தெரிந்த ஒருவருக்குப் போன் போட்டு இரண்டு வார்த்தை சொன்னால் இன்னும் நல்லது.

எப்படிப்பட்ட கடிதம்? “கடின உழைப்பாளி, இனிமையானவர், குழுவோடு ஒத்துழைப்பவர்” என்று வரும் கடிதத்தை யாரும் இரண்டாம் முறை படிப்பதில்லை. பழகியவர்களுக்கு அது மறைமுகமான கைவிரிப்பாகவே தெரியும். இதைப் பாருங்கள்: “இரவு இரண்டு மணிக்கு ஐ.சி.யு.விலிருந்து அழைத்தார். நிமோனியா என்று அட்மிட் ஆனவருக்கு பிரஷர் இறங்கிக்கொண்டிருந்தது. இவர் எக்கோ (இதய ஸ்கேன்) புரோபை வைத்துப் பார்த்துவிட்டு, பெரிகார்டியத்தில் (இதய உறையில்) நீர் இருக்கிறது, டயஸ்டோலில் வலது வென்ட்ரிக்கிள் அமுங்குகிறது என்றார். நான் போய்ச் சேர்ந்தபோது நீரை எடுக்கும் டிரே தயார், குடும்பத்தாரிடம் பேசியாகிவிட்டது.” இதை எழுத அந்த அட்டெண்டிங் (மேற்பார்வை மருத்துவர்) உங்களோடு வேலை செய்திருக்க வேண்டும், ஒரு வார ரொட்டேஷனில் முகம் காட்டினால் வராது. ஆகவே ஒரே கார்டியாலஜிஸ்டிடம் திரும்பத் திரும்பப் போங்கள். கன்சல்ட் ரொட்டேஷன் ஒன்று, அவருடைய கிளினிக்கில் சில அரை நாட்கள், முடிந்தால் அவரோடு ஒரு சிறிய ஆய்வு.

கேட்கும்போது “லெட்டர் தருவீர்களா” என்று கேட்காதீர்கள். “எனக்காக வலுவாக எழுத முடியுமா” என்று கேளுங்கள். ஒரு நொடி தயங்கினாரானால் நன்றி சொல்லிவிட்டு வேறு ஆளைப் பாருங்கள். சம்மதித்தால் சி.வி.யோடு, அவரோடு சேர்ந்து பார்த்த கேஸ்களை ஒரு பக்கத்தில் எழுதிக் கொடுங்கள். நம் ஊர்க் கூச்சம் இங்கே குறுக்கே வரும். விட்டுத்தள்ளுங்கள், அவர்கள் அந்தப் பக்கத்தைச் சந்தோஷமாக வாங்கிக்கொள்வார்கள். ஏப்ரலிலேயே கேட்டுவிடுங்கள். கடிதத்தைப் படிக்கும் உரிமையை விட்டுக்கொடுப்பதாக ஈராஸ் என்ற விண்ணப்பத் தளத்தில் குறிக்க மறக்காதீர்கள். இல்லாவிட்டால் அந்தக் கடிதத்துக்கு மதிப்பில்லை. ஒரு புரோகிராமுக்கு நான்கு கடிதம் வரை அனுப்பலாம். உங்கள் புரோகிராம் டைரக்டருடையது அதில் கட்டாயம் வேண்டும்.

இன்னொன்று: ஃபெலோஷிப் உள்ள ஏதாவது ஒரு இடத்தில் ஒரு மாதம் அவே எலெக்டிவ் (வேறு மருத்துவமனையில் பயிற்சி) செய்ய முடியுமா என்று இன்றைக்கே உங்கள் மருத்துவமனையின் பயிற்சி நிர்வாக (ஜி.எம்.இ.) அலுவலகத்தில் கேளுங்கள். மால்பிராக்டிஸ் காப்பீடு, இரு மருத்துவமனைகளுக்கும் இடையே ஒப்பந்தம், விசா ஒப்புதல் என்று காகித வேலையே மாதக்கணக்கில் இழுக்கும்.

மற்றபடி அட்டவணை எளிது. ஜூலை தொடக்கத்தில் விண்ணப்பம், ஆகஸ்ட் முதல் அக்டோபர் வரை நேர்காணல், நவம்பரில் ரேங்க் லிஸ்ட் (நீங்கள் விரும்பும் இடங்களின் வரிசை), நவம்பர் கடைசியிலோ டிசம்பர் முதல் வாரத்திலோ மேட்ச் (இரு தரப்பு வரிசைகளையும் பொருத்தி இடம் ஒதுக்கும் முறை) முடிவு. பர்சனல் ஸ்டேட்மென்ட் ஒரு பக்கம் போதும். தாத்தா மாரடைப்பில் இறந்த கதையோடு தொடங்காதீர்கள். கதை உண்மையாகவே இருக்கலாம். ஆனால் படிக்கிறவர் அன்றைக்கே அப்படி நாலைந்து தாத்தாக்களைப் பார்த்திருப்பார்.

இனி நேர்காணல். 2020 முதல் பெரும்பாலும் ஜூமில்தான். நம் ஊரில் வைவாவுக்கு (வாய்மொழித் தேர்வுக்கு) பழகியவர்கள் இங்கேதான் தடுமாறுகிறோம். எக்ஸாமினர் கேட்பார், பாடப்புத்தகம் சொன்னதை நாம் ஒப்பிப்போம், நடுவில் இரண்டு சார். இங்கே யாரும் அயோர்டிக் ஸ்டீனோசிஸின் (இதய வால்வு சுருக்கத்தின்) அறிகுறிகளைக் கேட்கப்போவதில்லை. நீங்கள் எழுதியது நீங்கள் செய்ததுதானா, உங்களோடு இரவு டியூட்டி பார்க்க முடியுமா, இந்த இரண்டையும்தான் சோதிக்கிறார்கள்.

உங்கள் போஸ்டரையே எடுத்துக்கொள்ளுங்கள். ஹார்ட் ஃபெயிலியர் நோயாளிகள் 30 நாளுக்குள் மறுபடி அட்மிட் ஆவதைப் பற்றியது என்று வைத்துக்கொள்வோம். “எத்தனை பேர்? யாரை விலக்கினீர்கள்? சார்ட்டை யார் பார்த்தது?” என்று கேட்பார்கள். “நாங்கள் ஒரு ஆய்வு செய்தோம்” என்று மழுப்பினால் அங்கேயே கதை முடிந்தது. “சார்ட் முழுக்க நான் பார்த்தேன். புள்ளியியல் இன்னொருவர் செய்தார், லாஜிஸ்டிக் ரிக்ரெஷனை ஏன் எடுத்தோம் என்பது எனக்குத் தெரியும். வேறு மருத்துவமனையில் போய் அட்மிட் ஆனவர்களை எங்களால் பிடிக்க முடியவில்லை, அதனால் எங்கள் எண்ணிக்கை உண்மையைவிடக் குறைவாகத்தான் இருக்கும்” என்று சொல்பவரைக் குழு குறித்துக்கொள்ளும். தன் ஆய்வின் ஓட்டையைத் தானே காட்டுகிறவரை நம்பலாம் என்பது எங்கள் பக்கத்து எண்ணம். சப்மிட் மட்டும் செய்த பேப்பரைப் பிரசுரமானதாகப் போடவே போடாதீர்கள். ஒரு நிமிடத்தில் மருத்துவக் கட்டுரைத் தளமான பப்மெடில் தேடிவிடுவார்கள்.

“ஏன் இந்த மருத்துவமனையில் ரெசிடென்சி?” என்று கேட்டால் குற்றவாளி போலப் பதில் சொல்ல வேண்டாம். ஃபெலோ இல்லாத இடத்தில் நெஞ்சு வலி என்று எமர்ஜென்சியிலிருந்து வரும் அழைப்பை முதலில் எடுப்பது நீங்கள்தான், அட்டெண்டிங்கிடம் நேரடியாகப் பேசுவதும் நீங்கள்தான். அதைச் சொல்லுங்கள். தவறு நடந்த ஒரு கேஸைப் பற்றிக் கட்டாயம் கேட்பார்கள். பெரிய தவறு எதுவும் நடந்ததில்லை என்ற பதில்தான் இருப்பதிலேயே மோசமான பதில்.

ஃபெலோக்களோடு மட்டும் ஒரு சந்திப்பு வைப்பார்கள். கேமராவை அணைத்துவிட்டு ஓரமாக உட்கார்ந்திருக்காதீர்கள், பல இடங்களில் அவர்கள் அபிப்பிராயமும் குழுவுக்குப் போகிறது. இரவு ஆன்-கால் எப்படி, எக்கோவைத் தனியாகப் படிக்கும் லெவல் 2 தகுதி எல்லோருக்கும் கிடைக்கிறதா, இதய ரத்தக்குழாய் சிகிச்சை நடக்கும் கேத் லேபில் எப்போது கை வைக்கலாம் என்று கேளுங்கள்.

வேறு எங்கெல்லாம் நேர்காணல் போனீர்கள், எங்களுக்கு எத்தனையாவது ரேங்க் என்று அவர்கள் கேட்பது மேட்சை நடத்தும் என்.ஆர்.எம்.பி. விதிப்படி தவறு. கேட்டால் சிரித்துக்கொண்டே பேச்சை மாற்றுங்கள். நீங்களாக விரும்பினால் “உங்களுக்குத்தான் முதலிடம்” என்று எழுதலாம், ஆனால் ஒரே ஒரு இடத்துக்கு. இது சின்ன உலகம். ரேங்க் லிஸ்ட்டிலோ தந்திரம் எதுவும் உதவாது. அந்த அல்காரிதம் விண்ணப்பதாரரின் விருப்பத்திலிருந்துதான் தொடங்குகிறது, ஆகவே மனதுக்குப் பிடித்த வரிசையிலேயே போடுங்கள்.

விசாவுக்கு வருகிறேன். எந்தெந்தப் புரோகிராம் ஜே-1 எடுக்கிறது என்பதை விண்ணப்பக் கட்டணம் கட்டுமுன் கோஆர்டினேட்டரிடம் மின்னஞ்சலில் உறுதிசெய்யுங்கள். ஜே-1 பொதுவாக மொத்தம் 7 ஆண்டுதான். ரெசிடென்சி 3, கார்டியாலஜி 3, அதன் மேல் இன்டர்வென்ஷனல் (ஸ்டென்ட் போன்ற சிகிச்சைகளுக்கான பயிற்சி) 1 என்றால் சரியாக முடியும். எலக்ட்ரோபிசியாலஜி (இதயத் துடிப்புக் கோளாறு) என்றால் 2 ஆண்டு, கணக்கு தாண்டிவிடும். மேட்ச் ஆனதும் டெல்லி சுகாதார அமைச்சகத்திடமிருந்து புது ஸ்டேட்மென்ட் ஆஃப் நீட் (இந்தத் துறை நிபுணர் நாட்டுக்குத் தேவை என்ற சான்று) வாங்க வேண்டும்; டிசம்பரிலேயே தொடங்குங்கள்.

கிடைக்காமல் போனால்? ரெசிடென்சிக்குப் பின் ஓராண்டு சீஃப் ரெசிடென்ட்டாக இருந்து மறுபடி முயலலாம், ஆனால் அதுவும் அந்த 7-க்குள்தான் கழியும், இன்டர்வென்ஷனலுக்கு இடம் இருக்காது. மற்றொரு வழி, கான்ராட் 30 வெய்வரில் (ஜே-1 முடிந்ததும் இரண்டு ஆண்டு சொந்த நாட்டுக்குத் திரும்ப வேண்டும் என்ற விதியிலிருந்து விலக்கு) மூன்று ஆண்டு ஹாஸ்பிட்டலிஸ்ட் வேலை, பிறகு எச்-1பி வேலை விசாவில் ஃபெலோஷிப். வெய்வர் வேலையே எச்-1பி-யில்தான் பார்க்க வேண்டியிருக்கும். அதற்கு உரிமத் தேர்வின் கடைசிக் கட்டமான ஸ்டெப் 3 கட்டாயம். ஜே-1-இல் இருப்பவர்கள் இதைத்தான் தள்ளிப்போட்டுக்கொண்டே வருகிறார்கள். இன்னும் எழுதவில்லை என்றால் ஜூலைக்கு முன்பே முடித்துவிடுங்கள்.