பட்டாளத்தில் இருந்தபோது வராத பயம்

அன்புள்ள ஆலோசகர் அவர்களுக்கு,

வேலூர் மாவட்டத்தில், வீட்டுக்கு ஒருவராவது பட்டாளத்தில் இருக்கும் ஊர்ப்பக்கம் எங்களுடையது. நானும் மெட்ராஸ் ரெஜிமென்டில் 1994-இல் சேர்ந்து 2018-இல் ஹவில்தாராக ரிட்டையர் ஆனவன்தான். இப்போது ஒரு வங்கியில் செக்யூரிட்டியாக இருக்கிறேன்.

எனக்கு இரண்டு பையன்கள். பெரியவன் 2019-இல் சேர்ந்தான். இப்போது தீவிரவாத எதிர்ப்புப் பணிக்கான ராஷ்ட்ரிய ரைஃபிள்ஸ் படைக்கு டெபுடேஷனில் போய் காஷ்மீரில் இருக்கிறான். சின்னவன், நாலு வருடத்துக்கு மட்டும் ஆள் எடுக்கும் அக்னிவீரர் திட்டத்தில் முதல் பேட்ச், 2023 ஜனவரியில் வெலிங்டனில் ட்ரெயினிங் ஆரம்பித்தவன். யாரையும் நான் வற்புறுத்தவில்லை. காலையில் ஏரிக்கரையில் ஓடினார்கள், 1600 மீட்டரை ஐந்தரை நிமிடத்துக்குள் முடித்தார்கள், அவர்களே போனார்கள். ட்ரெயினிங் முடிந்து உறுதிமொழி எடுக்கும் கசம் பரேடுக்கு, இருவருடையதற்கும், நானும் மனைவியும் போயிருந்தோம்.

போன வருடம் மே மாதம், ஆபரேஷன் சிந்தூர் நடந்தபோது பெரியவன் பூஞ்ச் பக்கம் இருந்தான். ஷெல்லிங் என்று டிவியில் அந்த ஊர்ப் பெயர்தான் ஓடிக்கொண்டே இருந்தது. அவனிடமிருந்து போன் இல்லை. 10-ஆம் தேதி சண்டை நிறுத்தம் அறிவித்த பிறகு பேசினான். “நல்லா இருக்கேன்பா, சாப்ட்டேன்” என்றான். அத்தோடு எனக்குச் சரியாகியிருக்க வேண்டும், ஆகவில்லை.

விடியற்காலை மூன்றரை, நாலு மணிக்கு முழிப்பு வந்துவிடுகிறது. நெஞ்சு படபடக்கிறது. மொட்டை மாடிக்குப் போய் நின்றுகொண்டு, வாட்ஸ்அப்பில் அவன் கடைசியாக எப்போது வந்தான் என்று பார்ப்பேன். நேற்று மாலை என்று காட்டினால் அதற்குப் பிறகு என்ன ஆயிற்றோ என்று ஓடும். ஒரு கனவும் வருகிறது. குப்வாராவில் இருந்தபோது எங்கள் செக்‌ஷன் ஆள் ஒருவரைப் பனியில் ஸ்ட்ரெச்சரில் வைத்து இறக்கினோம். அதே ஸ்ட்ரெச்சர், அதே கம்பளி. கனவில் கம்பளியை விலக்கினால் உள்ளே பெரியவன் இருக்கிறான். கேன்டீன் ரம் எப்போதாவது ஒரு பெக் என்று இருந்தது, இப்போது தினமும் ஆகிவிட்டது. அளவும் கூடிவிட்டது.

என் மனைவி நன்றாகத் தூங்குகிறாள். அதைப் பார்த்தால் எனக்குக் கோபம்கூட வருகிறது. 2001 டிசம்பரில் பாராளுமன்றத் தாக்குதலுக்குப் பிறகு எங்களை ராஜஸ்தான் எல்லைக்குக் கொண்டுபோய் நிறுத்தினார்கள், பாராக்ரம் ஆபரேஷன். அடுத்த அக்டோபர் வரை அங்கேதான் கிடந்தோம். பெரியவன் அப்போதுதான் நடக்கப் பழகியிருந்தான். 56 ஏபிஓ என்ற ராணுவத் தபால் நிலையம் வழியாகக் கடிதங்கள் முன்னே பின்னே வரும் என்பதால் ஒவ்வொரு இன்லேண்டின் மூலையிலும் ஒரு நம்பர் போடச் சொன்னாள். எது வந்தது, எது வரவில்லை என்று அவளுக்குத் தெரிய வேண்டுமாம். அப்படி இருந்தவள் இப்போது குறட்டை விடுகிறாள்.

இதைவிடப் பெரிய உறுத்தல் சின்னவன் விஷயம். அவனுடைய நாலு வருடம் முடியப்போகிறது. நூற்றுக்கு 25 பேர் வரை வைத்துக்கொள்வார்கள். “அப்பா, ரெகுலருக்கு எழுதிக் கொடுக்கட்டுமா?” என்று கேட்டான். “உன் இஷ்டம்” என்றேன். ஆனால் வள்ளிமலை முருகனிடம் போய், இவன் அந்த 25-க்குள் வரக்கூடாது என்று வேண்டிக்கொண்டு வந்தேன். சுதந்திர தினத்துக்கு ஊர்ப் பள்ளியில், இரண்டு பிள்ளைகளையும் நாட்டுக்குக் கொடுத்தவர் என்று சொல்லி எனக்குத் துண்டு போர்த்துகிறார்கள். ரெஜிமென்ட் உப்பைத் தின்றவன் இப்படி வேண்டலாமா? நான் கோழை ஆகிவிட்டேனா? தூக்கத்துக்கு ஏதாவது மாத்திரை இருந்தால் பெயர் எழுதுங்கள், மெடிக்கலில் வாங்கிக்கொள்கிறேன்.

பெயர் வேண்டாம்,
வேலூர் மாவட்டம்

•

அன்புள்ள ஐயா,

மாத்திரையை முதலில் முடித்துவிடுகிறேன். நான் உளவியல் ஆலோசகர், மருந்து எழுதும் டாக்டர் இல்லை. எழுதுபவராக இருந்தாலும் கடிதத்தைப் படித்துவிட்டு எழுத மாட்டேன். தினமும் ரம் எடுப்பவர் மெடிக்கலில் தூக்க மாத்திரை வாங்கிப் போட்டுக்கொள்வது ஆபத்து. இரண்டும் சேர்ந்தால் மூச்சையே மந்தப்படுத்தும்.

ரம் செய்யும் இன்னொரு வேலையும் உங்களுக்குத் தெரிந்திருக்க வேண்டும். படுத்தவுடன் தூங்க வைத்துவிடும், ஆனால் உடம்பு அதைக் கரைத்து முடிக்கும்போது பின்னிரவுத் தூக்கத்தை உடைத்துவிடும். படபடப்பும் வியர்வையும் கெட்ட கனவும் சேர்ந்து வரும். உங்கள் மூன்றரை மணி முழிப்பில் பாதியாவது பாட்டிலின் வேலை என்றுதான் நினைக்கிறேன். அதற்காக நாளைக்கே சட்டென்று நிறுத்திவிடாதீர்கள். தினமும் குடித்துப் பழகிய உடம்பு திடீரென்று நிறுத்தினால் கை நடுக்கம், குழப்பம், சிலருக்கு வலிப்புகூட வரும். எவ்வளவு குடிக்கிறீர்கள் என்பதை ஒரு டாக்டரிடம் குறைக்காமல் சொல்லி, அவர் சொல்கிறபடி இறக்குங்கள்.

அந்த டாக்டரைத் தேடி நீங்கள் அலைய வேண்டியதில்லை. முன்னாள் ராணுவத்தினருக்கான மருத்துவத் திட்டமான இசிஎச்எஸ் கார்டு வைத்திருப்பீர்கள். பாலிகிளினிக்கில் சர்க்கரைக்கும் பிரஷருக்கும் கேட்பதைப் போலவே மனநல மருத்துவருக்கும் ரெஃபரல் கேட்கலாம். என்ன விஷயம் என்று கேட்டால் “தூக்கம் இல்லை, பழைய சர்வீஸ் கனவு வருகிறது” என்று சொல்லுங்கள், போதும்.

கனவைத் தனியாகச் சொல்லக் காரணம் இருக்கிறது. அந்த ஸ்ட்ரெச்சரும் கம்பளியும் குப்வாராவில் நீங்கள் கண்ணால் பார்த்தவை, உங்கள் கையால் தூக்கியவை. அன்றைக்கு இறக்கி வைத்துவிட்டு அடுத்த டியூட்டிக்குப் போயிருப்பீர்கள். உட்கார்ந்து அழ யார் நேரம் கொடுத்தார்கள்? அப்படி மூடி வைத்தது பல வருடம் கழித்து மேலே வருவது, போர்முனையில் இருந்தவர்களிடம் மருத்துவம் நன்றாக அறிந்த விஷயம். சொந்தப் பிள்ளை அதே வயதில் அதே மலைக்குப் போகும்போது அது கிளம்புவதில் ஆச்சரியமே இல்லை. கனவில் மகன் முகம் வருவதால் அது நடக்கப்போவதைச் சொல்கிறது என்று நினைக்கிறீர்கள். எனக்கு அது நடந்து முடிந்த ஒன்றாகத்தான் படுகிறது. பிடிஎஸ்டி (பயங்கரமான அனுபவத்துக்குப் பின் வரும் மனநல பாதிப்பு) என்று டாக்டர்கள் சொல்வது இதுதானா என்பதை நேரில் பார்ப்பவர்தான் சொல்ல முடியும். இருந்தால் அதற்குச் சிகிச்சை இருக்கிறது, பலன் கொடுக்கிற சிகிச்சை. ராத்திரியில் தாங்க முடியாமல் போனால் அரசின் மனநல உதவி எண் டெலி மானஸ், 14416. எந்த நேரமும் தமிழில் பேசலாம், காசு கிடையாது.

சரி, கோழையா என்று கேட்டீர்கள். நீங்கள் எல்லையில் நின்றபோது கையில் ஆயுதம் இருந்தது, பக்கத்தில் ஆள் இருந்தார், அடுத்து என்ன செய்ய வேண்டும் என்று சொல்ல ஒருவர் இருந்தார். பயத்துக்கு ஒரு வேலை இருந்தது. இப்போது அதே ஆபத்தின் நுணுக்கம் எல்லாம் தெரிந்தவராக, செய்வதற்கு ஒன்றும் இல்லாமல் மொட்டை மாடியில் நிற்கிறீர்கள். ஷெல்லிங் என்ற சொல்லைக் கேட்டால் உங்கள் பக்கத்து வீட்டுக்காரருக்கு ஒரு சத்தம்தான் ஞாபகம் வரும், உங்களுக்கு முழுப் படமும் தெரியும். இது தைரியம் குறைந்ததால் வருவதில்லை. வீட்டில் இருந்து காத்திருப்பது வேறு ஒரு வேலை, அதை நீங்கள் செய்ததே இல்லை.

உங்கள் வீட்டில் அதைச் செய்தவர் ஒருவர் இருக்கிறார். கடிதத்துக்கு நம்பர் போடச் சொன்னவர் அவர். கைக்குழந்தையை வைத்துக்கொண்டு, கையில் செல்போன் இல்லாத காலத்தில், எல்லையில் இரண்டு பக்கமும் படை குவிந்திருந்த மாதங்களில், தெரிந்துகொள்ள முடிந்தது எது, முடியாதது எது என்று பிரிக்க ஒரு வழி கண்டுபிடித்திருக்கிறார். 7-ஆம் நம்பர் வரவில்லை, ஆனால் 8 வந்துவிட்டது என்றால் ஆள் நன்றாக இருக்கிறார், தபால்தான் தாமதம். எவ்வளவு தெளிவு பாருங்கள்! (என்னிடம் வருகிறவர்களிடம் இனி இதைச் சொல்லலாம் என்று குறித்து வைத்துக்கொண்டேன்.) அவரிடம் போய் “நீ மட்டும் எப்படித் தூங்குகிறாய்?” என்று கோபமாகக் கேட்காதீர்கள். “பாராக்ரம் சமயத்தில் நீ ராத்திரியை எப்படி ஓட்டினாய்?” என்று கேளுங்கள். இத்தனை வருடத்தில் நீங்கள் அதைக் கேட்டதே இல்லை என்று உங்கள் கடிதத்தின் தொனியை வைத்து ஊகிக்கிறேன். குறட்டையை மட்டும் வைத்து முடிவும் செய்யாதீர்கள். நீங்கள் மாடிக்குப் போகும்போது அவர் முழித்துக்கொண்டு படுத்திருக்கிறாரா என்பது உங்களுக்கு எப்படித் தெரியும்?

சென்ட்ரி டியூட்டிக்குக்கூட இரண்டு மணி நேரத்தில் ஆள் மாற்றுவார்கள். நீங்கள் போன வருடம் மே மாதத்திலிருந்து மாற்று ஆள் இல்லாமல் நிற்கிறீர்கள். மாற்று ஆளாக உங்கள் மனைவியையும் நிற்க வையுங்கள். சாயங்காலம் காப்பி குடிக்கும்போது கால் மணி நேரம், மாடியில் தனியாக ஓடுகிற பயத்தையெல்லாம் அவரிடம் வாய்விட்டுச் சொல்லுங்கள். விடியற்காலையில் மறுபடி வந்தால், “சாயங்காலம் பேசிக்கொள்ளலாம்” என்று தள்ளிப் போடுங்கள். முதல் வாரம் இது கேலிக்கூத்தாகத் தெரியும். விடாமல் செய்து பாருங்கள்.

டிவியைப் பற்றி உங்களுக்கு நான் சொல்லித்தர ஒன்றும் இல்லை. படை நகர்வை நேரலையாகக் காட்டக் கூடாது என்று 2025 ஏப்ரல் 26-ஆம் தேதியே தகவல் ஒலிபரப்பு அமைச்சகம் சேனல்களுக்குச் சொல்லியிருந்தது. ஆகவே அந்தத் திரையில் உங்கள் மகனைப் பற்றித் தெரிந்துகொள்ள எதுவும் இருக்கப்போவதில்லை. இல்லாததையும் காட்டினார்கள். கராச்சித் துறைமுகத்தைக் கடற்படை தாக்கிவிட்டது என்று மே 8 இரவு சில சேனல்கள் அலறியது ஞாபகம் இருக்கும், அப்படி எதுவும் நடக்கவில்லை. வாட்ஸ்அப் நேரமும் அப்படித்தான். அது அவர் கடைசியாக வாட்ஸ்அப்பைத் திறந்த நேரத்தை மட்டும்தான் காட்டும். போனை டியூட்டியில் எங்கே வைப்பார்கள், எப்போது தருவார்கள் என்று உங்களுக்கே தெரியுமே. நல்லதோ கெட்டதோ, யூனிட் சொல்வதுதான் செய்தி.

சின்னவர் விஷயத்துக்கு வருகிறேன். அதுதான் உங்கள் கடிதத்தில் எனக்கு முக்கியமாகப் பட்டது.

பிள்ளை ஆபத்தில்லாத இடத்துக்கு வந்துவிட வேண்டும் என்று ஒரு அப்பா முருகனிடம் கேட்பதில் துரோகம் எதுவும் இல்லை. துண்டு போர்த்தும்போது வருகிற பெருமையும் நிஜம், வள்ளிமலையில் கேட்டதும் நிஜம். ஒன்று நிஜம் என்றால் மற்றது பொய்யாக இருக்க வேண்டும் என்ற கட்டாயம் மனசுக்குக் கிடையாது. பட்டாளத்துப் பெற்றோர் பலர் இரண்டையும் சேர்த்துத்தான் சுமக்கிறார்கள். மேடையில் ஒன்றைத்தான் சொல்ல முடிகிறது, அவ்வளவுதான்.

ஆனால் “உன் இஷ்டம்” என்ற பதில் சரியில்லை. அவர் ஒரு அப்பாவிடம் மட்டும் கேட்கவில்லை, ஒரு ஹவில்தாரிடமும் கேட்டிருக்கிறார். ஹவில்தார் சொல்லக்கூடியது நிறைய இருக்கிறது. எழுதிக் கொடுத்துத் தேர்வானால் குறைந்தது இன்னும் 15 வருடம் சர்வீஸ், பென்ஷனோடு ஒரு முழு வாழ்க்கை. வெளியே வந்தால் நாலு வருட முடிவில் மொத்தமாகத் தரும் சேவா நிதியாக ஏறத்தாழ 11.71 லட்சம் ரூபாய் கையில் வரும், பென்ஷன் கிடையாது. துணை ராணுவப் படைகளில் முன்னாள் அக்னிவீரர்களுக்கு இடஒதுக்கீடு உண்டு. இல்லையென்றால் இருபதுகளின் தொடக்கத்தில் படிப்போ வேறு வேலையோ புதிதாகத் தொடங்கலாம். அந்த 15 வருடத்தில் பீஸ் ஸ்டேஷன் (அமைதியான இடம்) எவ்வளவு, ஃபீல்டு (எல்லைப் பகுதி) எவ்வளவு, குடும்பத்தைக் கூட வைத்துக்கொள்ள முடிந்த காலம் எவ்வளவு, பிள்ளைகள் வளர்ந்ததில் நீங்கள் எதையெல்லாம் பார்க்கவில்லை, இதையெல்லாம் ஒளிக்காமல் சொல்ல உங்களைவிட யாருக்குத் தகுதி இருக்கிறது?

அதைச் சொல்லி முடித்த பிறகு, அப்பாவாகவும் ஒரு வரி சொல்லுங்கள். “எனக்குப் பயமா இருக்குடா. நீ வெளிய வந்தா சந்தோஷப்படுவேன். ஆனா அதுக்காக நீ வர வேண்டியதில்ல.” இந்த மூன்றில் கடைசி வாக்கியத்தை விட்டுவிடாதீர்கள். அதை விட்டால் உங்கள் பயத்தைப் பார்த்து அவர் முடிவெடுப்பார், பிற்பாடு அது உங்கள் இருவருக்கும் நடுவில் நிற்கும். முதல் இரண்டை விட்டாலும் நஷ்டம்தான். வீட்டில் யாரும் எதையும் சொல்வதில்லை என்று பிள்ளைகளும் கற்றுக்கொள்வார்கள். பெரியவர் “நல்லா இருக்கேன்பா, சாப்ட்டேன்” என்று சொல்லிப் போனை வைக்கிறாரே, அந்தப் பழக்கம் எங்கிருந்து வந்திருக்கும் என்று நினைக்கிறீர்கள்?

யாரை வைத்துக்கொள்வது என்பதைக் கடைசியில் ராணுவம்தான் முடிவு செய்யும். இவர் எழுதிக் கொடுத்தும் கிடைக்காமல் போகலாம். அந்த நாளில் உங்களுக்கு உள்ளே நிம்மதியாக இருக்கும், அவருக்கு அது தோல்வியாக இருக்கும். “போனால் போகட்டும், நல்லதுக்குத்தான்” என்று அன்றைக்கே சொல்லிவிடாதீர்கள். கொஞ்ச நாள் அவர் வருத்தத்தில் கூட இருங்கள்.

இந்தப் பேச்சைப் போனில் வைத்துக்கொள்ள வேண்டாம். அடுத்த லீவில் வரும்போது, ரம் இல்லாத ஒரு பகல் வேளையில் பேசுங்கள். அவருடைய அம்மாவும் கூட இருக்கட்டும். அவர் ஆசை என்ன என்று உங்கள் கடிதத்தில் ஒரு வரிகூட இல்லை. அது உங்களுடையதற்கு நேர்மாறாகவும் இருக்கலாம்.